கார் செற்றில இருக்கிற பேருக்கு காசு குடுக்கலாமா? கேட்டதுகளும் என்ர பதிலும்

போன கிழமை ஒராள், காரில பேர்போன பாட்டுச் செற் இருந்தா அதுக்குக் கூடக் காசு குடுக்கலாமோ எண்டு கேட்டதுக்கு பதில் சொல்லப்போய், பிறகு ஆளாளுக்கு கேக்கத் தொடங்கீட்டினம். இண்டைக்கு ஞாயிறு, கடை பூட்டு, அதால எல்லாருக்கும் ஒண்டா இருந்து சொல்லுறன். நான் கிளிநொச்சியில வாகன வயரிங்கும் செற் பூட்டுற வேலையும் செய்யிறன், அதுக்கு முதல் கோயில் திருவிழா, கலியாணவீடு எண்டு ஸ்பீக்கர் கட்டித் திரிஞ்ச ஆள், அதுக்கும் முதல் வன்னியில கரண்ட் இல்லாத காலத்தில சைக்கிளைக் கவிட்டு வச்சு பெடலைச் சுத்தி டைனமோவில றேடியோ கேட்ட ஆக்களில ஒராள். படிச்ச எஞ்சினியர் இல்ல. பிழை இருந்தா சொல்லுங்கோ, திருத்துறன்.

வவுனியா அக்கா: அண்ணை, ரெண்டு ரொயோட்டா ஹரியர் கார் பாத்து வச்சிருக்கிறம். ஒண்டில ஜேபிஎல் செற், மற்றதில சாதாரண செற். ஜேபிஎல் இருக்கிறதுக்கு விலையைக் கூட்டிச் சொல்லுறாங்கள். குடுக்கலாமோ?

அக்கா, முதல் அந்தக் காசு எதுக்குப் போகுது எண்டு சொல்லுறன். ஸ்பீக்கர் மூடியில ஒட்டியிருக்கிற பேருக்கு இல்ல. உள்ளுக்க தனியா ஒரு அம்ப் (சத்தத்தைக் கூட்டி ஸ்பீக்கருக்கு அனுப்புற பெட்டி) இருக்கும், அந்த அம்புக்குள்ள அந்தக் காருக்கெண்டே போட்ட கணக்கு இருக்கும், அதுதான் சாமான். கார் எண்டுறது பாட்டுக் கேக்கிறதுக்கு மகா மோசமான இடம். ஒரு பக்கம் கண்ணாடி சத்தத்தைத் திருப்பி அடிக்கும், இன்னொரு பக்கம் சீற் துணி சத்தத்தைக் குடிக்கும், ஓட்டுறவர் நடுவில இல்லாமல் வலப்பக்கம் ஒதுங்கி இருக்கிறார். வலக் கதவு ஸ்பீக்கர் அவருக்கு கிட்ட, இடக் கதவு ஸ்பீக்கர் ஒரு மீற்றர் மட்டில தள்ளி. ஒரு மீற்றருக்கு சத்தம் வந்துசேர 3 மில்லிசெக்கன் பிந்தும், அது காணும் பாடுற ஆள் உங்கட வலது முழங்காலுக்குள்ள இருந்து பாடுற மாதிரிக் கேக்கிறதுக்கு. நல்ல பக்டரி செற்றில கிட்ட இருக்கிற ஸ்பீக்கரை அந்தளவு பிந்தவிட்டு, எங்க சத்தம் குவியுதோ அதைக் குறைச்சு, எங்க காணாதோ அதைக் கூட்டி, அந்தக் காருக்குள்ள மைக் வச்சு அளந்து செய்திருப்பாங்கள். இதை வெளியில ஒரு கடையில செய்விக்கிறதெண்டா தனி அம்ப், புறொசசர், அதுக்கு கைப்பக்குவம் தெரிஞ்ச ஆள் எல்லாம் வேணும், அப்பிடி ஆக்கள் எங்கட பக்கம் ஒண்டு ரெண்டு பேர்தான்.

அப்ப வாங்கலாமோ எண்டால், ரெண்டு காரும் ஒரே வருசம், ஒரே ஓட்டம், ஒரே நிலை எண்டால் ஜேபிஎல்காரை எடுங்கோ. செற்றுக்காண்டி கூட ஓடின காரை எடுக்காதேங்கோ. 2020 மார்ச்சில மூடின வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில திறந்தாப்பிறகும் விலை இறங்கின மாதிரித் தெரியேல்ல, இந்த விலைக்குள்ள ஒரு லட்சம் மிஞ்சினா நான் நாலு நல்ல ரயரைப் போடுவன். பகிடி இல்ல, ரயர் சத்தம் குறைஞ்சாலே செற் நல்லாக் கேக்கும்.

இன்னொண்டு. வாங்க முதல் நிப்பாட்டி வச்சுக் கேட்டு ஏமாறாதேங்கோ, விக்கிறவன் எப்பவும் எஞ்சினை நிப்பாட்டிப்போட்டுத்தான் பாட்டுப் போடுவான். ஏ9 இல 80 இல போகேக்க ஒருக்கா கேளுங்கோ, பேந்து முறிகண்டியில பிள்ளையாரைக் கும்பிட்டு கச்சான் வாங்கேக்க, அதே பாட்டு, அதே வொலியூம், இன்னொருக்கா கேளுங்கோ. ஓடேக்க அடித்தொனி எங்க போச்செண்டு தேடுவியள். ரயரிண்ட இரைச்சலும் அடித்தொனியும் ஒரே தாழ்ந்த தொனியிலதான் வாறது, இரைச்சல் அதை விழுங்கிப்போடும். சில போஸ் செற்றுகளில உள்ளுக்க ஒரு மைக் இருந்து இரைச்சலைக் கேட்டு அதுக்கேத்த மாதிரிச் சத்தத்தைத் தானே சரிக்கட்டும். அப்பிடி இருந்தா அதுக்கு நான் காசு குடுப்பன்.

பரந்தன் தம்பி: போஸ், ஜேபிஎல், ஹார்மன் கார்டன், மார்க் லெவின்சன் இதுக்குள்ள எது பெஸ்ட் அண்ணை?

தம்பி, நீர் சொன்ன நாலில மூண்டு ஒரே வீட்டுப் பிள்ளையள். ஜேபிஎல், ஹார்மன் கார்டன், மார்க் லெவின்சன், இன்பினிட்டி எல்லாம் ஹார்மன் கொம்பனி. பேங் அண்ட் ஒலுஃப்சனிண்ட கார் பகுதியையும் 2015 இல அவங்கள்தான் வாங்கினவங்கள். 2017 இல அந்த ஹார்மனையே சாம்சங் வாங்கீட்டுது. அப்ப ரொயோட்டாவில ஜேபிஎல், லெக்சஸில மார்க் லெவின்சன், பிஎம்டபிள்யூவில ஹார்மன் கார்டன் எண்டு பாத்து எந்த அண்ணன் பெரியவன் எண்டு சண்டை பிடிக்கிறது வீண் வேலை. எந்தக் காருக்கு எவ்வளவு காசுக்குச் செய்தாங்கள் எண்டுறதுதான் கதை. ஒரே பேரில ஒரு காரில அருமையாயும் இன்னொரு காரில சும்மா டப்பா மாதிரியும் நான் கேட்டிருக்கிறன்.

போஸ் மட்டும் வேற குடும்பம். அமர் போஸ் எண்டவர், தகப்பன் வங்காளத்தில வெள்ளைக்காரனுக்கு எதிரா நிண்டு அமெரிக்காவுக்குப் போன ஆள். மகன் எம்ஐடியில படிப்பிச்சுக்கொண்டே 1964 இல கொம்பனி தொடங்கினவர். காருக்கெண்டு அளந்து செற் செய்யிற யோசனையை 1983 இல அமெரிக்க கெடிலாக் காரில கொண்டுவந்தது அவங்கள்தான். அந்தப் பேரை கேட்டோடன எங்கட பொடியள் பாஸ், அதுதான் அடித்தொனி, எண்டு நினைச்சு பூம் பூம் எண்டு அடிக்கும் எண்டு எதிர்பாக்கிறாங்கள், அது அப்பிடி அடிக்கிற செற் இல்ல.

மாங்குளம்: 12 ஸ்பீக்கர் எண்டு போட்டிருக்கு, என்ர காரில 6தான். அரைவாசிச் சத்தமோ?

இல்ல. குஞ்சு ஸ்பீக்கரையும் சேத்துத்தான் எண்ணுறாங்கள். கதவில ஒரு பெரிசு, கண்ணாடி மூலையில ஒரு சின்னன் எண்டால் அதுவே ரெண்டு. சந்தையில மாம்பழத்தை எண்ணி வாங்கிற மாதிரி ஸ்பீக்கரை எண்ணாதேங்கோ.

மல்லாவி: ஜப்பான் கார் இறக்கினன், செற் அந்தமாதிரி, ஆனா றேடியோவில ஒண்டு ரெண்டு சனல்தான் பிடிக்குது. பழுதோ?

பழுதில்ல. ஜப்பானில எஃப்எம் 76 இல தொடங்கி 90, புதுசுகளில 95 மட்டும்தான். எங்கட நாட்டில 88 இல இருந்து 108 வரை. அப்ப நீங்கள் கேக்கிற சனல்களில முக்கால்வாசி அந்தப் பெட்டிக்கு இல்லவே இல்ல. ஏரியல் வயரில பூட்டுற ஒரு குட்டிச் சாமான் இருக்கு, பாண்ட் எக்ஸ்பாண்டர் எண்டு கேளுங்கோ, அது சனலைக் கீழ இறக்கிக் குடுக்கும். விலை குறைவு, சத்தம் கொஞ்சம் இரையும். எவ்வளவு பெரிய பேர் ஒட்டின செற்றா இருந்தாலும் இதால வாற பாட்டு இவ்வளவுதான். இன்னொண்டையும் கவனியுங்கோ, ரொயோட்டா ஜப்பான் பிளேயரில பற்றறியைக் கழட்டினா பிறகு கோட் கேட்டு, மப் எஸ்டி கார்ட் கேட்டு, ஜப்பான் எழுத்தில முழுசிக்கொண்டு நிக்கும். அந்தக் கார்டை தொலைச்சிடாதேங்கோ. பற்றறி மாத்திறவனிட்ட முதலே சொல்லிவையுங்கோ.

முல்லைத்தீவு ஹயஸ் வான்: கொழும்பு ஓட்டம். ஆக்கள் சத்தம் காணாது எண்டினம். 6000 வாட்ஸ் அம்ப் ஒண்டு பாத்தன், பூட்டித் தாறீங்களோ?

6000 வாட்ஸ் எண்டா உம்மட வானிண்ட ஓல்டனேற்றர் (எஞ்சின் ஓடேக்க கரண்ட் குடுக்கிற சாமான்) உருகி வழியும். பெட்டியில எழுதியிருக்கிறதை நம்பாதேயும். சாதாரண பிளேயரில 50 தர 4 எண்டு போட்டிருப்பான், உண்மையில 14 வோல்ட்டுக்கு சாதாரண 4 ஓம் (ஓம் எண்டுறது ஸ்பீக்கர் கரண்டைத் தடுக்கிற அளவு) ஸ்பீக்கருக்கு 20 வாட்ஸ் மட்டில வரும், அவ்வளவுதான். ஆர்எம்எஸ் எண்ட எழுத்துக்குப் பக்கத்தில இருக்கிற இலக்கத்தை மட்டும் பாரும், அதுதான் விடாமல் குடுக்கிற பவர், அந்த எழுத்தே இல்லாட்டி அந்தப் பெட்டியை வையும்.

சத்தம் காணாது எண்டுறது அனேகமா சத்தக் குறைவு இல்ல, கதவு அதிர்வு. கிரவல் ரோட்டில ஓடின வானில கதவுத் தகரமே ஒரு தாளம் போடும். கதவைத் திறந்து உள்பக்கம் பியூட்டைல் சீற் (அதிர்வை அமத்திற ரப்பர் மாதிரிச் சாமான்) ஒட்டி, ஓட்டையளை மூடி, முன்னுக்கு ரெண்டு நல்ல ஆறரை இஞ்சி ஸ்பீக்கர் போடும், பின்னுக்கு இருக்கிறதை அப்பிடியே விடும். இதுக்குப் பிறகும் காணாட்டி என்னட்ட வாரும். விடியப்புறம் வவுனியா தாண்டேக்க நித்திரை கொள்ளுற சனத்திண்ட காதுக்கு மேல ஸ்பீக்கர் வைக்கிறதெண்டா வராதேயும்.

புதுக்குடியிருப்பு: மஸ்டாவில போஸ் செற், ஒரு கதவு ஸ்பீக்கர் கிழிஞ்சிட்டு. கடையில நல்ல பேருள்ள ஸ்பீக்கர் ஒண்டு இருந்தது, அதைப் போட்டன், அந்தப் பக்கம் மெல்லமாக் கேக்குது. ஏன்?

இதுதான் பேர்போன செற்றிண்ட தலையிடி. அந்த ஸ்பீக்கர்கள் கனக்க 2 ஓம், சிலது அதுக்கும் கீழ. நீங்கள் போட்டது 4 ஓம். அதே அம்பில 4 ஓம் போட்டா பவர் அரைவாசிதான் இழுக்கும், அதால மெல்லமா வருது. அதோட அம்ப் பழைய ஸ்பீக்கரிண்ட குறையளுக்கு ஏத்த மாதிரி சத்தத்தைக் கூட்டிக் குறைச்சு அனுப்புது, புதுசுக்கு அந்தக் குறை இல்ல, அப்ப கூட்டினது பிழையாக் கேக்கும். அதே ஸ்பீக்கர் கழட்டின கடையளில கிடைக்குதோ பாருங்கோ, மீற்றர் வச்சு ஓமை அளந்து வாங்குங்கோ. கிழிஞ்சது விளிம்பு மட்டும் எண்டால் ஒட்டலாம், எறியாதேங்கோ.

நானும் ஒருக்கா வாங்கிக் கட்டினனான். 2018 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஒரு கார் வந்தது, அம்ப் சீற்றுக்குக் கீழ, தண்ணி ஏறி நிண்டது. காஞ்சிட்டுதெண்டு நினைச்சு கரண்ட் குடுத்தன், புகைஞ்சுது. கழட்டி, கழுவி, கிழமைக்கணக்கா காயவச்சிருக்கவேணும். அந்த அம்ப் இஞ்ச எடுக்க ஏலாது, வேற அம்ப் போட்டா ஸ்டியரிங் பட்டன், கைப் போன் எல்லாம் வேலை செய்யாது. கடைசியில என்ர காசில பழசொண்டு எடுப்பிச்சுப் போட்டுக் குடுத்தன். சாதாரண செற்றெண்டா அரை நாள் வேலை. ஜேபிஎல் கார் வாங்கிற வவுனியா அக்கா இதையும் வாசியுங்கோ, அம்ப் எங்க இருக்கு, சேர்விஸுக்குக் குடுக்கேக்க உள்ளுக்க தண்ணி அடிக்கிறாங்களோ எண்டு பாருங்கோ.

கனடாவில இருந்து ஒரு மச்சான்: இஞ்ச புதுக் காருக்கு பேர்போன செற் வேணுமெண்டா சன்ரூப், தோல் சீற் எல்லாம் சேத்து ஒரு பக்கேஜா எடுக்கவேணுமாம். எடுக்கட்டோ?

உங்கட ரோட்டுக்கும் காருக்கும் நான் சொல்லுறதை விட நீர் ஓட்டிப் பாக்கிறது நல்லம். ஆனா ஒண்டு கேக்கிறன், பாட்டு எதால போடுவீர்? வட்ஸ்அப்பில மாமி அனுப்பின பாட்டெண்டா அது ஏற்கனவே பிழிஞ்ச தேங்காய்ப்பூ, எந்தச் செற்றில போட்டாலும் பால் வராது. வயரைக் குத்தி நல்ல பைல் போட்டு, பேர்போன செற்றையும் சாதாரண செற்றையும் ஒரே பாட்டில, ஒரே சத்த அளவில கேளும். சத்தம் கூடினது எப்பவும் நல்லதாத் தெரியும், விக்கிறவங்களுக்கு அது வடிவாத் தெரியும். வித்தியாசம் உமக்கு விளங்கினா எடும். விளங்காட்டி அந்தக் காசுக்கு ஒருக்கா ஊருக்கு வந்து போம்.

ஓமந்தை: அக்குவா ஹைபிரிட். சப்வூபர் (அடித்தொனிக்கான பெரிய ஸ்பீக்கர்) பூட்டினா பற்றறி போகுமோ?

பின்னால இருக்கிற 12 வோல்ட் பற்றறி சின்னன், காரை ரெடியில (ஓடத் தயாரான நிலையில) விடாமல் கனநேரம் பாட்டுக் கேட்டா விடியக் கார் எழும்பாது. சின்ன சப் ஒண்டு பூட்டலாம். பற்றறிக்குக் கிட்டவே, அரை மீற்றருக்குள்ள, பியூஸ் கட்டாயம். செம்மஞ்சள் வயரை ஆரையும் தொட விடாதேங்கோ, அது காரை ஓட்டுற பெரிய பற்றறியிண்டது, ஆளைக் கொல்லும்.

பெயர் சொல்லாத ஒரு தாய்: மகன் காருக்குள்ள சத்தமாப் போடுறான், சின்னப்பிள்ளையும் இருக்கு. காது பழுதாகுமோ?

ஆகும் தங்கச்சி. 80 டெசிபெல் எண்டால் கிழமைக்கு 40 மணித்தியாலம், 90 எண்டால் 4 மணித்தியாலம்தான் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பெரிய ஆக்களுக்கே இப்பிடி. பின் ஸ்பீக்கர் சத்தத்தை முன்னுக்கு இழுத்து விடச் சொல்லுங்கோ, பேடர் எண்டு இருக்கும், அவனுக்குத் தெரியும்.

நெடுங்கேணி ஐயா: தம்பி, என்னட்ட பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஒண்டு நிக்குது, அந்த நாளில மண்ணெண்ணையில ஓடினது. அதில ஒரு நல்ல பேர்போன செற் போடலாமோ?

ஐயா, உங்களுக்குத்தான் இண்டைக்கு நான் ஆசையா பதில் எழுதுறன். பழைய இங்கிலீசுக் காருகளில கனக்க பற்றறியிண்ட பிளஸ் பக்கத்தைத்தான் பொடியில எர்த் பண்ணியிருப்பாங்கள், இப்பத்தைய செற் எல்லாம் மைனஸ் எர்த். அப்பிடியே குடுத்தா செற் அந்த இடத்திலேயே முடிஞ்சுது. சில ஆக்கள் இடையில மாத்தியும் இருப்பினம், அதால ஆரும் வயர் வைக்க முதல் பற்றறியில எந்தக் கம்பி பொடிக்குப் போகுதெண்டு பாத்து எனக்குச் சொல்லுங்கோ. டாஸ்போட்டை வெட்டவேண்டாம். முன் சீற்றுக்குக் கீழ ஒரு சின்ன அம்பும், காலடியில ரெண்டு ஸ்பீக்கரும், போனில பாட்டும். பேர் ஒட்டின செற் உதுக்கு வேண்டாம், அந்த எஞ்சின் சத்தத்துக்க அது ஆரெண்டும் தெரியாது. புதன்கிழமைக்குப் பிறகு கொண்டு வாங்கோ, கார்புரேட்டரையும் ஒருக்காப் பாப்பம்.