டிரஸ்ஸிங் ரூம்: கதவைப் பற்றி யோசிக்கும் முன் சுவரைப் பாருங்கள்

கேள்வி: ஓ.எம்.ஆர். பக்கம் இரண்டு வருடத்துக்கு முன்பு சாவி வாங்கிய ஃப்ளாட் எங்களுடையது. பெரிய படுக்கையறைக்கும் பாத்ரூமுக்கும் நடுவே 5 அடி அகலம், 7 அடி நீளத்தில் ஒரு நடை இருக்கிறது. அதை டிரஸ்ஸிங் ரூமாக்க நினைக்கிறோம். இன்டீரியர் செய்பவர் இரண்டு பக்கமும் கதவில்லாத திறந்த அலமாரி, மேலே பரண், உள்ளே லைட் என்று படம் காட்டினார். 126 சதுர அடி, சதுர அடி 1,650 ரூபாய், லைட்டும் கண்ணாடியும் தனியாக 32,000. ஆக ஏறக்குறைய 2.40 லட்சம். “710 பிளை போடுகிறேன், லைஃப்டைம் வாரண்டி” என்கிறார். அம்மாவும் மாமியாரும் கொடுத்தது உட்பட நாற்பது பட்டுப்புடவைகள் இருக்கின்றன. பாத்ரூமுக்குப் பக்கத்தில் இப்படித் திறந்து வைத்தால் பட்டு தாங்குமா? இடதுபக்கச் சுவருக்கு அந்தப்புறம் ஷவர். வலதுபக்கம் மகனுடைய அறை.

– வாசகி, சென்னை

பதில்: தாங்காது. கதவில்லாத அலமாரி வேண்டவே வேண்டாம். அந்தப் படங்கள் எல்லாம் குளிர் நாடுகளில், காற்றில் ஈரமே இல்லாத வீடுகளில் எடுத்தவை. கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் உங்கள் வீட்டில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டியே நிற்கும். பூஞ்சைக்கு அது போதும். அதோடு தினமும் நாலு பேர் வெந்நீரில் குளித்துவிட்டுக் கதவைத் திறந்தால் அந்த ஆவி முழுவதும் நேராகப் புடவை மேல்தான் போய்ப் படியும்.

ஆனால் கதவு இரண்டாவது விஷயம். நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, இடதுபக்கச் சுவருக்கு அந்தப்புறம் ஷவர் என்று, முதல் விஷயம் அதுதான். உங்கள் இன்டீரியர்காரர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை. சுவரைப் பார்ப்பதற்கு யாரும் அவருக்குச் சதுர அடிக் கணக்கில் காசு தருவதில்லை.

ஃப்ளாட்டுகளில் உள்சுவர் பெரும்பாலும் நாலரை அங்குலம்தான். அதற்குள் குழாயைப் பதிக்கக் காடி வெட்டியிருப்பார்கள். டைல்ஸ் இடுக்கில் நிரப்பியது தேய்ந்தால், குழாய் இணைப்பு ஒன்று லேசாகக் கசிந்தால், அந்த ஈரம் இந்தப் பக்கம் ஓதமாக வந்து நிற்கும். வெறும் சுவராக இருந்தால் பெயின்ட் உப்பும், உங்கள் கண்ணுக்குத் தெரியும். அலமாரியை ஒட்டிவிட்டால் தெரியாது. பின்பலகை கறுத்து, கரையான் வந்து, புடவை மடிப்பில் புள்ளி விழுந்த பிறகுதான் தெரியும்.

நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. இரண்டடிக்கு இரண்டடி கனமான பிளாஸ்டிக் தாள், உள்ளே தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் சுவரில் வைத்து நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் வழக்கம்போலக் குளியுங்கள். தாளின் உட்பக்கம், அதாவது சுவர்ப் பக்கம் நீர் முத்து கோத்திருந்தால் சுவர் கசிகிறது. வெளிப்பக்கம் மட்டும் ஈரம் என்றால் அது அறைக் காற்றின் ஈரம். ஷவருக்கு நேர் பின்னால் ஒன்று, வாஷ்பேசினுக்குப் பின்னால் ஒன்று என்று இரண்டு இடத்தில் ஒட்டிப் பாருங்கள்.

கசிவு என்று தெரிந்தால், தயவுசெய்து உங்கள் காசில் உடனே உடைக்க ஆரம்பிக்காதீர்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016-இன் 14(3) பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரியவந்தால், நீங்கள் தெரிவித்த 30 நாளுக்குள் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். உங்களுக்கு இரண்டு வருடம்தான் ஆகியிருக்கிறது. போட்டோ எடுத்து, மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் இன்றே எழுதுங்கள். சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் புலம்புவது புகார் ஆகாது. சட்டத்தில் 30 நாள் என்று இருப்பது நடப்பில் எத்தனை முறை போன் செய்து, எத்தனை முறை “ஆள் அனுப்புகிறோம்” கேட்டு நடக்கும் என்பதை நீங்களே பார்ப்பீர்கள். ரேராவில், அதாவது இந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த ஒழுங்குமுறை ஆணையத்தில், புகார் கொடுத்தாலும் வாய்தாவாகத்தான் நகரும். அப்படியிருந்தும் எழுதுங்கள். அலமாரியை அடித்த பிறகு கேட்டால், “உங்கள் கார்ப்பென்டர் டிரில் போட்டதில்தான் குழாய் உடைந்தது” என்ற பதில் தயாராக இருக்கும்.

எனவே அலமாரி வலதுபக்கம் மட்டும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் தங்களுக்கும் அது பொருந்தும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பாத்ரூம் சுவர்தான், ஆனால் அதன் மறுபக்கம் ஈரம் படாத இடம். வாஷ்பேசின் குழாய்கூட அந்தச் சுவரில் பதிக்கவில்லை. அப்படியானால் அங்கே அலமாரி வைக்கலாம். ஆனால் பதிக்கவில்லை என்பதை யாருடைய வாய்மொழியாகவும் ஏற்கக் கூடாது. பில்டரிடம் பிளம்பிங் வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். வரைபடம் தரவில்லை என்றால் விதிவிலக்கும் இல்லை. வரைபடம் சரியாக இருந்தாலும் சுவருக்கும் பின்பலகைக்கும் இடையே ஓர் அங்குலம் இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளியை மேலேயும் கீழேயும் மூடக்கூடாது, காற்று ஏற வேண்டும். பெட்டி தரையில் உட்காராமல் 4 அங்குல பி.வி.சி. கால் மேல் நிற்க வேண்டும். பின்பலகை ஆணி அடித்து மூடியதாக இல்லாமல் திருகைக் கழற்றி எடுக்கக் கூடியதாக இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை, மழை முடிந்து தை மாதத்தில், கழற்றிப் பார்க்க வேண்டும். இதில் ஒன்றைக்கூடச் செய்ய மாட்டேன் என்பவருக்கு இந்த விதிவிலக்கு கிடையாது. உங்களுக்கு மறுபக்கம் ஷவர், ஆகவே பேச்சே இல்லை.

வலதுபக்கம் மட்டும் என்பதற்கு இன்னொரு காரணம் கணக்கு. 5 அடி என்பது 60 அங்குலம். ஹேங்கர் குறுக்கே ஒன்றரை அடி வரும்; சட்டையின் தோள் இடிக்காமல் தொங்க அலமாரிக்கு 24 அங்குல ஆழம் வேண்டும். இரண்டு பக்கமும் 24 போட்டால் நடக்க ஓரடிதான் மிஞ்சும். அதனால்தான் அவர் ஆழத்தை 18 ஆகக் குறைத்து வரைந்திருப்பார். 18-இல் ஹேங்கர் நேராக நிற்காது, கதவு போட்டால் மூடாது. திறந்த அலமாரி என்று சொன்னதன் ரகசியமே இதுவாக இருக்கலாம். ஒரு பக்கம் 24 அங்குலம், நடை 36 அங்குலம். ஒன்றரை அடி அகலக் கதவு தாராளமாகத் திறக்கும். ஸ்லைடிங் கதவு கேட்காதீர்கள். தண்டவாளத்துக்கு மேலும் சில அங்குல ஆழம் போகும், எப்போதும் பாதி அலமாரிதான் திறந்திருக்கும், பாதையில் தூசி சேரும்.

கதவு முழுப் பலகையாக இருக்கட்டும், கீழேயும் மேலேயும் காற்றோட்டத் துளையோ சிறு ஜன்னல் சட்டமோ வைத்து. கண்ணாடிக் கதவு பட்டுக்கு ஆகாது, வெளிச்சம் பட்டுப் பட்டுச் சாயம் மங்கும். பாத்ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லையென்றால் அலமாரிக்கு முன்னால் அதை வாங்குங்கள். குளித்து முடித்த பிறகும் 15 நிமிடம் அது ஓட வேண்டும், பாத்ரூம் கதவு மூடியிருக்க வேண்டும்.

உள்ளே எப்படிப் பிரிப்பது என்பதை உங்கள் துணிதான் தீர்மானிக்க வேண்டும், அவருடைய கணினிப் படம் அல்ல. சட்டைக்குக் கம்பியிலிருந்து கீழே 40 அங்குலம், நீளமான குர்த்தா, கவுனுக்கு 60. சேலையை நீளவாக்கில் மடித்து ஹேங்கரில் போட்டால் இரண்டடிதான் தொங்கும், 30 அங்குல உயரம் கொடுத்தாலே போதும். அதனால் சேலைக் கம்பி ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வரும். ஆனால் கனமான சரிகைப் பட்டுப்புடவையை ஹேங்கரில் போடாதீர்கள். பாரம் இழுத்து மடிப்பில் சரிகை அறுந்துபோகும். அவை தட்டில், பழைய வேட்டித் துணியில் சுற்றி, ஒன்றின் மேல் நாலைந்துக்கு மேல் அடுக்காமல் இருக்கட்டும். ஜவுளிக்கடை பிளாஸ்டிக் உறையை அன்றே தூக்கி எறியுங்கள். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் வெளியே போக வழியில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி, நிழலில் காற்றாட விட்டு எடுத்துவையுங்கள். நாப்தலீன் உருண்டை சரிகையில் படக் கூடாது. கஞ்சி போட்ட காட்டன் புடவையைக் கஞ்சியோடு மாதக்கணக்கில் வைத்தால் ராமபாணப் பூச்சி தேடி வரும்.

இப்போது பிளைவுட். 710 என்பது ஐ.எஸ். 710, மரைன் பிளைவுட்டுக்கான தரம். கொதிநீரில் 72 மணி நேரம் கிடந்தும் அடுக்கு பிரியக் கூடாது என்பது அதன் சோதனை. உங்கள் வலதுபக்கச் சுவருக்கு அது கட்டாயமில்லை, ஐ.எஸ். 303-இல் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரைத் தாங்கும்) ரகம் போதும். ஆனால் கவனம்: அதே 303 எண்ணுக்குள் எம்.ஆர். என்ற ரகமும் இருக்கிறது, அது ஈரத்துக்கு நிற்காது. “303 ஐ.எஸ்.ஐ. சார்” என்று சொல்லி எம்.ஆர். இறக்குவது தினமும் நடக்கிறது. முத்திரையில் எண்ணோடு ரக எழுத்தையும் படியுங்கள். முத்திரையின் கீழ் சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும், அதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் எந்தக் கம்பெனிக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த உரிமம் என்று வந்துவிடும். வரவில்லையென்றால் ஷீட்டைத் திருப்பி அனுப்புங்கள். போலி முத்திரையைப் பிடிக்க வேண்டியவர்கள் பிடித்திருந்தால், உங்களைப் போன்ற ஒரு வாசகி போனும் கையுமாக மரக்கடை வாசலில் நிற்க வேண்டிய தேவையே இல்லை.

ஷீட் எல்லாம் வீட்டுக்கு முழுசாக, 8க்கு 4 அடியாக வர வேண்டும். வெட்டிய துண்டாகப் பட்டறையிலிருந்து வந்தால் முத்திரையை எங்கே பார்ப்பீர்கள்? “பட்டறையில் வெட்டினால்தான் ஃபினிஷிங்” என்றால், வெட்டும் நாளில் நீங்களோ வீட்டில் ஒருவரோ அங்கே போய் ஒவ்வொரு ஷீட்டையும் போட்டோ எடுங்கள். பெட்டிக்கு 710 போட்டுவிட்டு, பின்பலகைக்கும் டிராயர் அடிக்கும் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) போடுவது வழக்கமான வேலை. ஓதம் முதலில் போய்ச் சேரும் இடமே பின்பலகைதான்.

சதுர அடி ரேட்டில்தான் பெரிய குழி இருக்கிறது. அது முன்பக்கத்தின் நீளம் பெருக்கல் உயரம், அவ்வளவுதான். உள்ளே மூன்று தட்டு வைத்தாலும் எட்டு வைத்தாலும் ஒரே காசு என்பதால், அவர் தட்டைக் குறைப்பார். பரணுக்குள்ளே ஒன்றுமே இல்லாவிட்டாலும் அதே 1,650 வாங்குவார். உங்களுக்கு ஒரு பக்கம் மட்டும் என்றால் 7 அடி நீளம், 7 அடி உயரம் 49. பரண் 2 அடி உயரம் 14. ஆக 63 சதுர அடி. அலமாரிக்கு அவர் சொன்ன தொகை அங்கேயே பாதியாகிவிட்டது. இதற்கு 18 மி.மீ. ஷீட் ஏறத்தாழ எட்டு ஒன்பது, பின்பலகைக்கு 6 மி.மீ. இரண்டு மூன்று. எத்தனை ஷீட், எந்தத் தடிமன், வெளியே 1 மி.மீ. மைக்கா எந்த எண், உள்ளே என்ன, கீல் எத்தனை, டிராயர் சேனல் எது என்று பட்டியல் கேளுங்கள். முடிந்தால் பொருளை நீங்களே வாங்கி, கூலியைத் தனியாகப் பேசுங்கள். மரக்கடை கமிஷன் என்ற ஒன்று இருக்கிறது. அது உங்கள் பில்லுக்குள்தான் ஒளிந்திருக்கும். நேர்மையான ஆசாரிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பிடித்து வேலை வாங்கிவிட்டு நடுவில் நிற்பவர்களைத்தான் சொல்கிறேன்.

லைஃப்டைம் வாரண்டியா? பெரும்பாலும் ஷீட்டுக்கு ஷீட் தருவார்கள். பிரித்து, மறுபடி செய்து, மைக்கா ஒட்டும் கூலி உங்களுடையது. பில் இல்லாமல் அதுவும் கிடையாது. “ஜி.எஸ்.டி. இல்லாமல் குறைத்துத் தருகிறேன்” என்பவரிடம் சம்மதித்தால், பிறகு நுகர்வோர் ஆணையத்தில் காட்ட உங்கள் கையில் காகிதமே இருக்காது. காகிதம் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யலாம், மாவட்ட ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் வரை புகார்க் கட்டணம் கிடையாது.

லைட்டுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். கண்ணாடியின் இரண்டு பக்கமும் முக உயரத்தில் இரண்டு விளக்கு, 4000 கெல்வின் (அதிக மஞ்சளும் இல்லாத, நீலமும் இல்லாத வெள்ளை), நிறம் காட்டும் குறியீடு (சி.ஆர்.ஐ.) 90-க்கு மேல். மஞ்சள் வெளிச்சத்தில் ரவிக்கையும் புடவையும் பொருந்தின மாதிரி தெரியும், கல்யாண மண்டபத்தில் வேறாக இருக்கும். இடதுபக்கச் சுவரில் கண்ணாடியை மட்டும் மாட்டுங்கள். டிரில் போடும் முன் குழாய் போகும் இடம் தெரிந்திருக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் பசை வாசனை போகும்வரை இரண்டு மூன்று வாரம் கதவைத் திறந்தே வைத்து, அதன்பிறகு பட்டுப்புடவைகளை உள்ளே வையுங்கள். முன்பணம் பொருள் வந்து இறங்கிய பிறகு, அதுவும் பொருளின் விலை அளவுக்கு மட்டும். கடைசி 10 சதவீதத்தை வடகிழக்குப் பருவமழை முடிந்து, பின்பலகையைத் தொட்டுப் பார்த்த பிறகு தருவதாக முதலிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாதவர் எவ்வளவு நல்ல படம் காட்டினாலும் வேலையைக் கொடுக்காதீர்கள்.