ஒரே படம் நாலு ஆல்பமாகச் சிதறினால்: பாட்டு டேக் கேள்வி பதில்

வீட்டுப் பழைய கணினியிலோ ராஸ்பெரி பையிலோ நாவிட்ரோம், ஜெல்லிஃபின், பிளெக்ஸ் என்று ஏதாவது ஒரு மீடியா சர்வரை (நம் பாட்டுகளை வீட்டிலுள்ள மற்றக் கருவிகளுக்கு அனுப்பும் மென்பொருளை) நிறுவுவது அரைமணி நேர வேலை. பாட்டு ஃபோல்டரை அதற்குக் காட்டிய பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. அப்படித் தொடங்கி நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் என்னிடம் கேட்டவையும், நான் சொன்ன பதில்களும் கீழே.

கேள்வி: அண்ணா, ஃபோல்டரில் பார்த்தால் ஒரே படம், ஆறு பாட்டு. நாவிட்ரோமில் அது நாலு ஆல்பமாகத் தெரிகிறது. ஃபோல்டர் ஒழுங்காகத்தானே இருக்கிறது?

பதில்: ஃபோல்டர் ஒழுங்காக இருந்து பயனில்லை. நாவிட்ரோம் ஃபோல்டர் பெயரை வைத்து ஆல்பத்தைக் கட்டுவதில்லை, கோப்புக்குள்ளேயே எழுதியிருக்கும் பாட்டு விவரங்களை, அதாவது டேக்கை வைத்துத்தான் கட்டுகிறது. ஆல்பத்தின் பெயரோடு 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்ற டேக்கையும் சேர்த்துப் பார்க்கும். அது காலியாக இருந்தால் பாட்டின் 'ஆர்ட்டிஸ்ட்' டேக்கை எடுத்துக்கொள்ளும். நம் சினிமாப் பாட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் பாடகர் வேறு. ஆறு பாட்டை நாலு கூட்டணி பாடியிருந்தால் நாலு ஆல்பம் ஆகிவிடும்.

எம்பி3டேக் என்ற மென்பொருளில் ஆறு பாட்டையும் மொத்தமாகத் தேர்வு செய்து, ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் கட்டத்தில் இசையமைப்பாளர் பெயரைப் போட்டுச் சேமியுங்கள். பாடகர்கள் 'ஆர்ட்டிஸ்ட்' கட்டத்தில் இருக்கட்டும். 'கம்போஸர்' கட்டத்தில் இசையமைப்பாளரை இன்னொரு முறை எழுதுங்கள். 'லிரிசிஸ்ட்' கட்டத்தில் பாடலாசிரியர். இந்த நாலும் சரியாக அமைந்தால் தமிழ் சினிமாத் தொகுப்பின் முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்தது. அதற்குப் பிறகும் ஒரு பாட்டு மட்டும் தனியே நின்றால், அதன் வெளியீட்டுத் தேதி மற்றவற்றிலிருந்து மாறியிருக்கிறதா என்று பாருங்கள். புதிய பதிப்புகளில் அதுவும் ஆல்பத்தைப் பிரிக்கும்.

இசையமைப்பாளரை ஆல்பம் ஆர்ட்டிஸ்டாகப் போடுவது முறையா என்று கேட்பவர்கள் உண்டு. நாம் 'ராஜா பாட்டு', 'எம்.எஸ்.வி. பாட்டு' என்றுதான் தேடுகிறோம். தேடுகிறவர் கை எந்தப் பெயரில் போய் நிற்குமோ அந்தப் பெயரில் ஆல்பம் இருப்பதுதான் சரி என்பது என் கருத்து.

கேள்வி: இரட்டை இசையமைப்பாளர்களுக்கு என்ன செய்வது சார்? விஸ்வநாதன் – ராமமூர்த்தி ஒருவரா, இருவரா?

பதில்: நல்ல கேள்வி. இருவரும் 1965 வரை சேர்ந்து இசையமைத்தார்கள், பிறகு தனித்தனியே. எல்லாவற்றுக்கும் ஒரே பெயரைப் போட்டால் எம்.எஸ்.வி. தனியாகச் செய்ததும் சேர்ந்து செய்ததும் கலந்துவிடும். முழுக்கப் பிரித்தாலும் அந்தக் கூட்டணிக்கென்று இருக்கும் தனி அடையாளம் போய்விடும். நான் ஆல்பம் ஆர்ட்டிஸ்டில் 'விஸ்வநாதன் – ராமமூர்த்தி' என்று ஒரே பெயராக வைக்கிறேன். கம்போஸரில் மட்டும் இரண்டு மதிப்பாகப் பிரித்து, 'எம்.எஸ்.விஸ்வநாதன்', 'டி.கே.ராமமூர்த்தி' என்று எழுதுகிறேன். அப்போது ராமமூர்த்தி பெயரில் தேடினாலும் எல்லாம் வரும். சங்கர் – கணேஷுக்கும் இதே முறைதான்.

கேள்வி: டூயட் பாட்டுகளில் 'எஸ்.பி.பாலசுப்ரமணியம், எஸ்.ஜானகி' என்று இருக்கிறது. சர்வர் இதை மூன்றாவது ஆள் போலத் தனியாகக் காட்டுகிறது.

பதில்: இரண்டு பேரை ஒரே கட்டத்தில் காற்புள்ளி போட்டு எழுதினால் சர்வருக்கு அது ஒரே நீளமான பெயர்தான். இரண்டு மதிப்புகளாகத் தர வேண்டும். எம்பி3டேகில் இரு பெயருக்கும் நடுவே பின்சாய்கோட்டை (\) இரண்டு முறை போட்டால் அது தனித்தனி மதிப்பாகச் சேமிக்கும். தரம் குறையாமல் ஒலியைச் சேமிக்கும் ஃபிளாக் கோப்பு இதை இயல்பாகவே தாங்கும். எம்பி3 என்றால், அதற்குள் டேக் எழுதும் முறையான ஐடி3யின் பதிப்பு 2.4 இதற்கு ஏற்றது. 1999இல் வந்த 2.3 பதிப்பில் பல பெயர்களைச் சாய்கோடு போட்டுத்தான் பிரிக்க முடியும், எல்லா மென்பொருளும் அதை ஒரே மாதிரி வாசிப்பதில்லை. ஜெல்லிஃபினில் இசை நூலகத்தின் அமைப்புகளுக்குள் போனால், எந்தக் குறியைப் பிரிப்பானாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நாமே சொல்லலாம். காற்புள்ளியைப் பிரிப்பானாக வைக்காதீர்கள். பெயருக்குள்ளேயே காற்புள்ளி வைத்திருக்கும் குழுக்கள் இருக்கின்றன.

கேள்வி: ஒரே பெயர் இரண்டு முறை வருகிறது. எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட்டேன், வித்தியாசமே இல்லை.

பதில்: கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் இருக்கும். முதல் சந்தேகம் பெயரின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் இடைவெளி. அடுத்தது தமிழுக்கே உரியது. 'ஸ்ரீ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும், ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், கணினிக்கு வேறு வேறு. ஒரு ஸ்ரீனிவாஸ் இரண்டு ஸ்ரீனிவாஸ் ஆவது இப்படித்தான். ஒகர உயிர்மெய்யிலும் இந்தச் சிக்கல் உண்டு. ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியீடாக ஒரு விசைப்பலகை எழுதும், கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் இன்னொன்று எழுதும். ஒகரச் சிக்கல், பிரிந்த குறியீடுகளை ஒன்றாக்கும் யூனிகோடின் என்.எஃப்.சி. முறைப்படி சீராக்கினால் தீரும். ஸ்ரீ சிக்கல் அதில் தீராது. அதைக் கையால் தேடி மாற்ற வேண்டும்.

முதலெழுத்துப் புள்ளிகள் இன்னொரு தொல்லை. 'ஏ.ஆர்.ரஹ்மான்', 'ஏ. ஆர். ரஹ்மான்', 'ஏ.ஆர்.ரகுமான்' மூன்றும் மூன்று ஆட்கள். எது சரி என்று விவாதிப்பதைவிட ஒன்றை முடிவு செய்து, ஒரு தாளில் எழுதி, கணினிக்குப் பக்கத்தில் ஒட்டிவைப்பது நல்லது. என் தாளில் இப்போது இரண்டு பக்கம் நிரம்பியிருக்கிறது.

கேள்வி: 2003 வாக்கில் நண்பர் எரித்துக் கொடுத்த சிடி. பாட்டுப் பெயர்கள் எல்லாம் குப்பை எழுத்தாக வருகின்றன. மீட்க முடியுமா அண்ணா?

பதில்: குப்பை மூன்று வகை. ஆங்கிலச் சிறிய ஏ எழுத்தின் தலையில் சாய்கோடும், அதையடுத்து வட்டத்துக்குள் ஆர் குறியும் மாறி மாறி வந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். உள்ளே இருப்பது நல்ல யூனிகோடு தமிழ்தான், வாசிக்கும் விதம்தான் தவறு. மியூட்டஜென் என்ற பைத்தான் தொகுப்போடு டேக்கின் எழுத்துமுறையை மாற்றும் சிறு கருவி ஒன்று வருகிறது. முதலில் கோப்பில் எதையும் எழுதாமல் வெள்ளோட்டம் பாருங்கள், சரியாக வந்தால் ஓட்டுங்கள்.

வேறு விதமான விசித்திர எழுத்துகள் என்றால், யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் எழுதப் பயன்பட்ட டிஸ்கி போன்ற எட்டு பிட் முறையாக இருக்கலாம். உங்களுடையது 2003 சிடி என்பதால் இதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அதை நகலெடுத்து என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற எழுத்துரு மாற்றியில் போட்டால் தமிழாகும்.

மூன்றாவது வகை வெறும் கேள்விக்குறிகள். இதில் மீட்க ஒன்றும் இல்லை. எழுதும்போதே தமிழ் அழிந்துவிட்டது. புதிதாகத்தான் தட்டச்ச வேண்டும்.

பாட்டுப் பெயர் பாதியில் வெட்டப்பட்டிருந்தால் அது பழைய ஐடி3 முதல் பதிப்பு. அதில் தலைப்புக்கு 30 பைட்தான் இடம். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட், ஆக மொத்தம் 10 குறியீடு. 'கா' என்பதே இரண்டு குறியீடு என்றால் பாருங்கள். அந்தப் பழைய டேக்கை நீக்கிவிட்டு இரண்டாம் பதிப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பில்லா என்று தேடினால் 1980 படமும் 2007 படமும் ஒரே ஆல்பத்துக்குள் கலந்து வருகிறது.

பதில்: இரண்டிலும் ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் ஒன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பாட்டை எடுத்த தளத்தின் பெயரே இரண்டிலும் இருக்கும், திறந்து பாருங்கள். முதலாவதற்கு எம்.எஸ்.விஸ்வநாதன், இரண்டாவதற்கு யுவன் சங்கர் ராஜா என்று போட்டால் பிரிந்துவிடும். ஆல்பம் பெயரிலும் ஆண்டைச் சேர்த்து 'பில்லா (1980)' என்று வைத்தால் கண்ணுக்கும் உதவி.

கேள்வி: இதையெல்லாம் சர்வரின் திரையிலேயே திருத்தினால் போதாதா? கோப்பைத் தொட பயமாக இருக்கிறது.

பதில்: போதாது. ஜெல்லிஃபின், பிளெக்ஸ் இரண்டிலும் திரையில் திருத்தினால் அது சர்வரின் தரவுத்தளத்தில்தான் போய் உட்காரும், பாட்டுக் கோப்பு பழையபடியே இருக்கும். நாளை சர்வரை மாற்றினாலோ, வன்தட்டு போனாலோ உழைப்பு மொத்தமும் போகும். நாவிட்ரோமில் திருத்தும் வசதியே கிடையாது, அது வாசிக்க மட்டும் செய்யும். கோப்பில் திருத்தியதை எந்தச் சர்வரும் மதிக்கும். பிளெக்ஸ் வைத்திருப்பவர்கள் நூலகத்தின் கூடுதல் அமைப்புகளில் உள்ளூர் டேக்குக்கு முன்னுரிமை தரும் தேர்வை இயக்க வேண்டும், இல்லாவிட்டால் இணையத்திலிருந்து அது தனக்குத் தோன்றியதை எடுத்துவரும்.

பயம் நியாயமானது. நானே ஒருமுறை முழு ஃபோல்டரையும் தேர்வு செய்திருப்பதைக் கவனிக்காமல் தலைப்புக் கட்டத்தில் ஒரு பாட்டின் பெயரை எழுதிச் சேமித்தேன். எல்லாப் பாட்டுக்கும் அதே பெயர். மென்பொருளையும் மூடிவிட்டதால் பழையபடி திருப்ப முடியவில்லை. பேக்கப்பும் இல்லை. ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுப் பெயர் எழுதினேன். இன்று முழுப் பிரதி ஒன்று வேறு வன்தட்டில் இல்லாமல் ஒரு டேக்கையும் நான் தொடுவதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கேள்வி: பிகார்ட் எல்லாவற்றையும் தானாகச் செய்துவிடும் என்கிறார்களே?

பதில்: மியூசிக்பிரெயின்ஸ் என்ற இணையப் பாட்டுத் தரவுத்தளத்தைப் பார்த்து டேக் எழுதும் பிகார்ட் அருமையான கருவி. 'ஸ்கேன்' கொடுத்தால் பாட்டின் ஒலியிலிருந்து கைரேகை போல ஒன்றை எடுத்துப் பொருத்திப் பார்க்கும், டேக்கே இல்லாத கோப்பையும் அடையாளம் காணும். ஆனால் நம் பாட்டு ஒன்று பத்துத் தொகுப்பு சிடிகளில் இருக்கும். படத்தின் ஆல்பத்துக்குப் பதிலாக 'காதல் கீதங்கள்' வகைத் தொகுப்பில் அது கொண்டுபோய் வைத்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு படத்தை மட்டும் கொடுங்கள், வலப்பக்கம் எந்த வெளியீடு வந்திருக்கிறது என்று பார்த்த பிறகே சேமியுங்கள். பல தமிழ்ப் படங்கள் அந்தத் தரவுத்தளத்தில் இன்னும் இல்லை. கணக்குத் தொடங்கி யாரும் சேர்க்கலாம். நீங்கள் சேர்க்கும் ஒரு ஆல்பம் அடுத்தவருக்கு ஒரு மாலைப் பொழுதை மிச்சப்படுத்தும்.

கேள்வி: கச்சேரிப் பதிவுகளுக்கு ராகம், தாளம் எங்கே எழுதுவது?

பதில்: பொதுவான டேக்குகளில் ராகத்துக்கு இடமில்லை. தனி டேக் உருவாக்கி எழுதலாம். நாவிட்ரோமின் புதிய பதிப்புகளில் அதைப் படிக்கவும் வைக்கலாம். ஆனால் கைபேசிச் செயலிகளில் அது பெரும்பாலும் தெரியாது. அதனால் நான் தலைப்பிலும் சேர்த்துவிடுகிறேன்: 'எந்தரோ மகானுபாவுலு (ஸ்ரீ, ஆதி)'. தேடல் பெட்டியில் ராகத்தின் பெயரை அடித்தாலே அந்த ராகப் பாட்டெல்லாம் வந்து நிற்கும்.

பாடியவர் ஆர்ட்டிஸ்ட், ஆல்பம் ஆர்ட்டிஸ்டும் அவரே. கம்போஸர் தியாகராஜர். அவரைத் தியாகய்யர், தியாகராஜ சுவாமிகள் என்றெல்லாம் மாற்றி எழுதாதீர்கள். வயலின், மிருதங்கம், கடம் வாசித்தவர்களை 'பெர்ஃபார்மர்' டேக்கில் வாத்தியத்தோடு எழுதுங்கள். தயவுசெய்து இதை விடாதீர்கள். கச்சேரிப் பதிவு கைமாறிக் கைமாறி வரும்போது முதலில் காணாமல் போவது பக்கவாத்தியக்காரர் பெயர்தான். ஆல்பம் பெயரில் தேதியை ஆண்டு, மாதம், நாள் வரிசையில் வைத்தால் கச்சேரிகள் தாமாகவே வரிசைப்படும். மியூசிக்பிரெயின்ஸில் கிருதிகளுக்கு ராகமும் தாளமும் குறிக்கத் தனி இடமே இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அண்ணை, நான் டொரொன்டோவில இருக்கிறன். அப்பா ஊரில இருந்து கொண்டுவந்த கேசட்டுகளைக் கணினியில ஏத்திப்போட்டன். ஒரு பக்கம் முழுக்க ஒரே ஃபைலாக் கிடக்குது. எப்பிடி டேக் போடுறது?

பதில்: முதலில் வெட்ட வேண்டும் தம்பி. அரைமணி நேரக் கோப்பை எந்தக் கைரேகைக் கருவியும் அடையாளம் காணாது. ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் ஒரு லேபிள் வைத்து, பெயரையும் அதிலேயே எழுதி, பல கோப்புகளாக ஏற்றுமதி செய்யுங்கள். ஏ பக்கத்தில் ஒரு படம், பி பக்கத்தில் இன்னொரு படம் என்றால் இரண்டு ஆல்பமாகப் பிரித்துவிடுங்கள். அப்பாவே வானொலியிலிருந்து பதிந்த கலவைக் கேசட் என்றால் பிரிக்க வேண்டாம். கேசட்டில் அவர் கைப்பட எழுதிய பெயரே ஆல்பம் பெயர், ஏ பக்கம் டிஸ்க் 1, பி பக்கம் டிஸ்க் 2, பலர் பாடிய தொகுப்பு என்று சொல்லும் கம்பைலேஷன் டேக்கில் 1. நடுவில் அறிவிப்பாளர் குரல் வந்தால் அதை வெட்டி எறியாதீர்கள், அதற்கும் ஒரு டிராக் எண் கொடுங்கள். அந்தப் பாட்டு வேறெங்கும் கிடைக்கும், அந்தக் குரல் கிடைக்காது. வெட்டாத மூலக் கோப்பையும் ஃபிளாக்காக எடுத்து வையுங்கள்.

கேள்வி: அட்டைப்படம் எந்த அளவில் வைக்கலாம்?

பதில்: 1000க்கு 1000 பிக்சல் ஜேபெக் தாராளம். 3 எம்பி படத்தை 5000 பாட்டுக்குள் ஒவ்வொன்றாகப் பதித்தால் படமே 15 ஜிபி. ஃபோல்டருக்கு ஒரு 'கவர்' படம் போதும்.

கேள்வி: பாடலாசிரியர் யார் என்று எனக்குத் தெரியாத பாட்டுகள் நிறைய இருக்கின்றன. தேடினால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எதைப் போடுவது?

பதில்: காலியாக விடுங்கள். இன்னாராக இருக்கும் என்று ஊகித்து எழுதாதீர்கள். உங்கள் கோப்பு நண்பருக்குப் போகும், அவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும், பத்து வருடத்தில் அந்த ஊகமே ஆதாரமாகிவிடும். ஒரே படத்தில் இரண்டு மூன்று கவிஞர்கள் எழுதியிருப்பார்கள், பிரபலமானவர் பெயரே எல்லாப் பாட்டிலும் ஒட்டிக்கொள்ளும். மற்றவர் எழுதியது அவருடையது இல்லை என்றே ஆகிவிடும். இசைத்தட்டின் உறையிலும் கேசட் அட்டையிலும் பெரும்பாலும் பாட்டுக்குப் பாட்டு கவிஞர் பெயர் அச்சிட்டிருப்பார்கள். அதுதான் நம்பத்தக்கது. வீட்டில் பழைய உறை இருந்தால் இருபுறமும் படம் எடுத்து அந்தப் படத்தின் ஃபோல்டரிலேயே போட்டு வையுங்கள். டேக்கை இன்றைக்கு எழுத நேரமில்லாவிட்டாலும் பிறகு எழுதிக்கொள்ளலாம்.