அந்த நோட்டை எறிந்துவிடாதீர்கள்

அன்புள்ள அண்ணா,

பெங்களூரு கம்மனஹள்ளியிலிருந்து எழுதுகிறேன். உங்கள் மொழிபெயர்ப்புக் கதைகளை இரண்டு வருஷமாகப் படித்து வருகிறேன். ஆனால் இது கதை பற்றிய கடிதம் இல்லை, என் மகனைப் பற்றியது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். வீட்டில் தமிழ் பேசுவான், எழுதப் படிக்கத் தெரியாது. ஸ்கூலில் கன்னடமும் இந்தியும்தான். நாங்கள் வாங்கிக் கொடுத்த புத்தகங்கள் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. எந்நேரமும் ஜப்பான் கார்ட்டூன், அனிமே என்கிறான். அதைப் பார்த்துவிட்டு ஒரு நோட்டில் அந்த ஆட்களை வரைவான், பக்கத்தில் ஏதோ கதை மாதிரி எழுதுவான். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் மார்க் குறைந்துபோனதும் இவர் கோபத்தில் அந்த நோட்டை இரண்டாகக் கிழித்துவிட்டார். மூன்று வாரமாக அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்வதில்லை. இப்போது அவன் வரைவதும் இல்லை, போனில் ஷார்ட்ஸ் என்கிற குட்டி வீடியோக்களைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். நல்ல புத்தகம் பிள்ளைகளின் வாழ்க்கையையே மாற்றும் என்கிறார்கள். இந்த வயதில் அவன் படிக்க வேண்டிய பத்துப் புத்தகங்களைச் சொல்லுங்கள், எப்படியாவது படிக்க வைத்துவிடுகிறேன்.

ஒரு அம்மா

அன்புள்ள சகோதரிக்கு,

பட்டியல் தரப் போவதில்லை, வருத்தப்படாதீர்கள். ‘எப்படியாவது படிக்க வைத்துவிடுகிறேன்’ என்ற உங்கள் வரியைப் படித்ததும் எனக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது. அந்த நோட்டைப் பற்றிய வரியில் அதைவிட அதிக நேரம் நின்றுவிட்டேன். கடிதத்தை மூடி வைத்த பிறகும் அதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ஏன் என்று சொல்ல என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் வளர்ந்தது அல்சூரில். அப்பாவுக்கு ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் வேலை, நான் படித்தது கன்னட மீடியம். பன்னிரண்டு வயது வரை எனக்குத் தமிழில் ஓர் எழுத்து தெரியாது. வீட்டில் சித்தப்பா பழைய அம்புலிமாமா இதழ்களைச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருந்தார். நான் அதில் படம் மட்டும் பார்ப்பேன். தோளில் வேதாளத்தைப் போட்டுக்கொண்டு, கையில் வாளோடு சுடுகாட்டு வழியே நடந்து வரும் ராஜா, ஓவியர் சங்கர் வரைந்தது. அந்தப் படம் தெரியும், ராஜா எங்கே போகிறார் என்று தெரியாது.

1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவையொட்டி இந்த ஊரில் நடந்த கலவரம் உங்களுக்கு நினைவிருக்கலாம், இல்லையென்றால் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அல்சூர் ஏரிக்கரை வள்ளுவர் சிலையும் அந்த வருஷம்தான் திறக்க முடியாமல் மூடப்பட்டது, 2009 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். பள்ளி இல்லை, வெளியே போகக் கூடாது, ஜன்னல் பக்கம் தமிழில் சத்தமாகப் பேசக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். பக்கத்து வீட்டுக் கன்னடப் பாட்டி, நாங்கள் அஜ்ஜி என்போம், அவர்தான் எங்களுக்குப் பாலும் காய்கறியும் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ‘பையன் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறானே’ என்று மதில் மேல் ஒரு கட்டுப் புத்தகத்தை நீட்டினார். அவர் பேரப்பிள்ளைகள் படித்துவிட்டுப் போட்ட கன்னட சந்தமாமா. பிரித்துப் பார்க்கிறேன், அதே ராஜா, அதே வேதாளம்.

இரண்டுமே சென்னை வடபழனியிலிருந்து வந்த பத்திரிகை, மொழி மட்டும்தான் வேறு என்பது பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்கு அது ஒரு மாயம். தரையில் பாயை விரித்து, இடது பக்கம் கன்னடம், வலது பக்கம் தமிழ் என்று வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்து இதழ்களைப் பொருத்தினேன். ஏழெட்டு இதழ்கள் அச்சாகப் பொருந்தின. ‘விக்ரம’ என்ற சொல் இங்கே இப்படி இருந்தால் அங்கே இப்படி என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனேன். கன்னடத்தில் ‘ப’ வர்க்கத்துக்கு நான்கு எழுத்து உண்டு, தமிழில் ஒன்றே ஒன்று. ‘பாம்பு’ என்று எழுதினால் இரண்டு இடத்திலும் ஒரே எழுத்து, ஆனால் வாயில் அது ஒரே மாதிரி வராது இல்லையா. எனக்கு அது பிடிபடவே இல்லை. இரண்டையும் ஒரே அழுத்தமாக அழுத்திப் படித்தேன். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டி, ‘பாம்பு கடிச்சவன் மாதிரி படிக்கிறியேடா’ என்று சொல்லிவிட்டு, சரியாகச் சொல்லிக் காட்டினாள்.

பாட்டி திருப்பத்தூர்ப் பக்கம். எழுத்து தெரியாது, கதை தெரியும். அன்றிலிருந்து நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவள் சொல்லைத் திருத்துவாள். வேதாளம் கதையைச் சொல்லி முடித்து, ‘பதில் தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் உன் தலை வெடித்துவிடும்’ என்று கேள்வி கேட்கும் இடம் வந்ததும் பாட்டி கையைப் பக்கத்தின் மேல் வைத்து மறைத்துவிடுவாள். ‘ராஜா சொல்றது இருக்கட்டும், நீ சொல்லு.’ நான் ஏதாவது சொல்ல வேண்டும். ஏன் அப்படி என்று அவள் திருப்பிக் கேட்பாள், சண்டை போடுவோம், சாதம் ஆறிப் போகும், அம்மா திட்டுவாள். அப்புறம்தான் கையை எடுப்பாள். பல நேரம் ராஜாவின் பதிலைவிட எங்கள் பதில் நன்றாக இருக்கும்!

இன்று நான் கன்னடத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துப் பிழைக்கிறேன். அந்தப் பாயிலிருந்து இந்த மேசை வரை ஒரே கோடு என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். அந்தக் கோட்டில் பெரியவர்கள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த புத்தகம் என்று ஒன்றுகூடக் கிடையாது. சித்தப்பா தனக்காகச் சேர்த்தது, அஜ்ஜி பொழுதுபோக்குக்குக் கொடுத்தது. நானாகப் பொருத்திக்கொண்டேன், ஒரு கிழவி உட்கார்ந்து கேட்டாள். எனக்கு அவ்வளவுதான் கிடைத்தது, அதுவே போதுமானதாக இருந்தது.

சரி, உங்கள் பையனுக்கு வருகிறேன். அவன் செய்துகொண்டிருந்ததும் இதேதான். எங்கேயோ பார்த்ததை நோட்டுக்குக் கொண்டுவந்து, தன் கையால் வரைந்து, பக்கத்தில் கதையும் எழுதியிருக்கிறான். பார்த்ததோடு நிற்காமல் திருப்பிச் சொல்லத் தொடங்கிவிட்டான். ஜப்பான் கார்ட்டூனா, ராமாயணமா, அம்புலிமாமாவா என்பது எனக்கு இரண்டாவது விஷயம். ஒரு பிள்ளைக்குள் போனது வேறு உருவத்தில் வெளியே வருகிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். உங்கள் வீட்டில் வந்துகொண்டிருந்தது.

இதையே ஒரு சோதனையாகவும் வைத்துக்கொள்ளலாம். ராத்திரி சாப்பிடும்போது, ‘இன்னைக்கு என்னடா பார்த்தே?’ என்று கேளுங்கள், விசாரிக்கிற குரல் வேண்டாம். தொடர் கதையைப் பார்த்தவன் அரை மணி நேரம் சொல்வான், யார் யாருக்கு எதிரி, அவன் அண்ணன் ஏன் ஊரைவிட்டுப் போனான் என்று. ஒரு மணி நேரம் ஷார்ட்ஸ் பார்த்தவனைக் கேளுங்கள், அவனால் மூன்றுகூட ஞாபகமாகச் சொல்ல முடியாது, முகத்தில் ஒரு களைப்புதான் இருக்கும். ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது, பக்கத்தின் மேல் கை வைத்து மறைக்க அங்கே ஆள் இல்லை. ஆகவே போன் என்று மொத்தமாக ஒரே பெயர் சொல்லித் திட்டாதீர்கள். இரண்டாவதைக் குறைக்கச் சொல்லி நீங்கள் கண்டிப்பாக இருந்தால் நான் உங்கள் பக்கம். வருத்தம் என்னவென்றால், நோட்டைக் கிழித்ததில் முதலாவது போய் இரண்டாவது தங்கிவிட்டது.

இன்னொன்றும் உங்கள் கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன். அவன் அனிமேயைக் கீழே எழுத்து ஓடவிட்டுத்தானே பார்க்கிறான்? அப்படியென்றால் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கான வரிகளைப் படித்துக்கொண்டிருக்கிறான், அதுவும் வேகமாக. இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் இருந்த பிரிஜ் கோத்தாரி, டி.வி.யில் பாட்டு ஓடும்போது அதே மொழியில் வரிகளைக் கீழே காட்டினால் அரைகுறையாக எழுத்து தெரிந்தவர்கள் தங்களை அறியாமலே படித்துப் பழகிவிடுவார்கள் என்று 1996-லேயே யோசித்தார். குஜராத்தி நிகழ்ச்சியில் தொடங்கி, தூர்தர்ஷனின் இந்திப் பாட்டு நிகழ்ச்சியான சித்ரஹார் வரைக்கும் அது வந்தது. பாட்டு தெரிந்திருக்கும், அடுத்த சொல் என்ன என்று காது முன்கூட்டியே சொல்லிவிடும், கண் எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். என் பாயில் நடந்ததும் அதேதான், எனக்குப் படமும் கன்னடமும் முன்கூட்டியே சொல்லின. உங்கள் பையனுக்குத் தமிழ் எழுத்து வர வேண்டும் என்று ஆசை இருந்தால், அவனுக்குப் பிடித்த தமிழ்ப் பாட்டுகளை வரிகள் தமிழிலேயே ஓடும் வீடியோவாக வீட்டு டி.வி.யில் போடுங்கள். பாடம் என்று சொல்லிவிடாதீர்கள்.

புத்தகம் வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், என் வீட்டில் நடக்க இடமில்லாத அளவுக்குப் புத்தகம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைச் சர்ச் ஸ்ட்ரீட்டுக்குக் கூட்டிப் போங்கள். பிளாசம், புக்வோர்ம் இரண்டிலும் பழைய புத்தகம் கிடைக்கும். கையில் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு நீங்கள் வேறு அலமாரிக்குப் போய்விடுங்கள். அவன் மங்கா என்கிற ஜப்பான் படக்கதை எடுப்பான், எடுக்கட்டும். என் அக்கா மகள் எடுத்தபோது நானும் முகம் சுளித்தவன்தான். பிறகு ஒருநாள் அதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், ‘மாமா, தப்பா பிடிச்சிருக்கீங்க, வலது பக்கத்துலேர்ந்து வரணும்’ என்று என் கையிலிருந்து வாங்கித் திருப்பிக் கொடுத்தாள். கட்டத்தின் மேல் விரலை வைத்து, இங்கிருந்து இங்கே, அப்புறம் கீழே என்று காட்டினாள். ஐம்பதை நெருங்கும் வயதில் எனக்கு மறுபடி எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தவள் அவள். உங்கள் பையனிடமும் கேளுங்கள், ‘எனக்கு இது எப்படிப் படிக்கிறதுன்னு தெரியலை, சொல்லிக் கொடு’ என்று. நிஜமாகவே கற்றுக்கொள்ளுங்கள்.

கப்பன் பார்க்கில் இருக்கிற அந்தச் சிவப்புக் கட்டட நூலகத்துக்கும், அல்சூர் ஏரிப் பக்கம் தமிழ்ச் சங்க நூலகத்துக்கும் போகும் நாள் தானாக வரும். அவசரப்பட வேண்டாம்.

இனி உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டியது. எட்டாம் வகுப்பில் என் மார்க் குறைந்தபோது, நான் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் என் அப்பா அந்த பைண்டு இதழ்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். அஜ்ஜி கொடுத்த கட்டையும் சேர்த்து. நான் தெருமுனையில் திரும்பும்போது தராசில் இருந்தது. பேப்பர்காரர் எடைக்கல்லை மாற்றி வைத்துக்கொண்டிருந்தார், மேலே இருந்த இதழில் என் பென்சில் கோடுகள் தெரிந்தன. நான் கேட்கவில்லை, அழவும் இல்லை, நேராக வீட்டுக்குள் போய்விட்டேன். அப்பா கெட்டவர் இல்லை. ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர், நான் தன்னைப் போல இரும்புத் தூளில் நிற்கக் கூடாது என்று பயந்தவர். உங்கள் வீட்டுக்காரருக்கும் அந்தப் பயம்தான் இருக்கும், எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்கப்புறம் நான் என்ன படிக்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னதே இல்லை. என் முதல் மொழிபெயர்ப்பு அச்சில் வந்ததுகூட அவருக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். இருபத்திரண்டு வருஷம் கழித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, ‘அந்தப் புத்தகத்தைப் போட்டிருக்கக் கூடாதுடா’ என்றார். அவ்வளவு வருஷம் அவரும் அதைச் சுமந்திருக்கிறார். நாங்கள் அதைப் பற்றிப் பேச அப்போது நேரம் இல்லை.

உங்கள் வீட்டில் மூன்று வாரம்தான் ஆகியிருக்கிறது. அவர் போய்ச் சொல்லட்டும், ‘கிழிச்சது தப்பு’ என்று, மார்க்கைப் பற்றி ஒரு சொல்லும் சேர்க்காமல். மார்க்கைப் பற்றி இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம். பையன் உடனே திரும்பிப் பேச மாட்டான், பரவாயில்லை, அவனுக்கும் நாலு நாள் கொடுங்கள்.

கிழிந்த இரண்டு பாதியும் வீட்டில் இருக்கின்றனவா? இருந்தால் குப்பையில் போய்விடாமல் எடுத்து வையுங்கள். நீங்கள் ஒட்ட வேண்டாம். அவன் கேட்கும்போது கொடுங்கள், கூடவே செலோடேப்பும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்