கம்பளிப்பூச்சி பட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள்

ஐப்பசி மழை ஓய்ந்து இரண்டு மூன்று வாரம் ஆனதும், கழுத்தும் முழங்கையும் தடித்துச் சிவந்துபோய் வருகிறவர்கள் என் சிகிச்சை அறையில் கூடிவிடுவார்கள். கடிதங்களும் அப்போதுதான் குவிகின்றன. தோல் மருத்துவராக என்னால் பதில் சொல்லக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

முருங்கை மரத்தடியில் கோலம் போட்டுவிட்டு வந்தேன். எதுவும் கடித்த நினைவில்லை. அரை மணி நேரத்தில் கழுத்தெல்லாம் தடிப்பு. கம்பளிப்பூச்சி கடித்திருக்குமா, டாக்டர்? (வாசகி, திண்டுக்கல்)

கடித்திருக்காது அம்மா. அதன் வாய் இலை தின்பதற்கு மட்டுமே. தொல்லையெல்லாம் அதன் ரோமத்தில், நம் ஊரில் சொல்லும் அந்தச் சுணையில் இருக்கிறது. முருங்கைக் கம்பளிப்பூச்சிகள் பகலில் அடிமரத்தில் கூட்டமாக அப்பிக் கிடக்கும்; இரவில் மேலேறி இலையைத் தின்னும். அவற்றின் ரோமமும், உரித்துப்போட்ட தோலும் காற்றில் உதிர்ந்து உங்கள் மேல் விழுந்திருக்கும். பூச்சி செத்த பிறகும் அந்த ரோமம் அரிக்கும். கொடியில் காய்ந்த துணியில் ஒட்டிக்கொண்டு, உடுத்தியவரைப் படுத்துவதும் உண்டு.

அரிக்கிறதே என்று எல்லோரும் முதலில் செய்வது தேய்ப்பது. சாக்கால், சாம்பலால், சிலர் தலைமுடியால்கூடத் தேய்க்கிறார்கள். தேய்க்கத் தேய்க்க ரோமம் உடைந்து தோலுக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். கை பட்ட இடமெல்லாம் பரவும். பட்ட இடத்தில் செல்லோ டேப்பை மெல்ல ஒட்டி, ஒரே இழுப்பாக உரித்தெடுங்கள். ஒவ்வொரு முறையும் புதுத் துண்டு டேப் எடுத்து நான்கைந்து தடவை செய்யுங்கள். பிறகு ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். துண்டால் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். உடுத்தியிருந்த துணியை மாற்றித் தனியாகத் துவையுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை வைத்தால் எரிச்சல் தணியும். அரிப்பு அடங்கவில்லை என்றால் செட்டிரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரையோ, ஸ்டீராய்டு களிம்போ தேவைப்படும். களிம்பை மருத்துவர் சொன்ன நாள் வரை மட்டும் போடுங்கள்.

உதடோ நாக்கோ வீங்கினாலும், மூச்சு இளைத்தாலும், தலை சுற்றினாலும் டேப்பைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

எங்கள் ஊரில் இதை மயிர்க்கொட்டி என்போம். பட்ட இடத்தில் வேப்பெண்ணெய் பூசலாமா? (வாசகர், யாழ்ப்பாணம்)

ரோமத்தை எடுப்பதற்கு முன் எந்த எண்ணெயும் வேண்டாம். எண்ணெய் பட்ட தோலில் டேப் ஒட்டாது.

தென்னை மட்டையை இழுத்தபோது பச்சையாக ஒரு புழு கையில் பட்டது. தேள் கொட்டியதுபோல் வலி. ரோமமே இல்லாத புழுவுக்கு இத்தனை விஷமா? (வாசகர், பொள்ளாச்சி)

பச்சை உடல், முதுகில் நீல வரி, பக்கங்களில் முள் கொத்துகள் என்று இருந்ததா? அப்படியென்றால் நத்தைப்புழுவாக இருக்கும். தென்னையிலும் மாவிலும் ஆமணக்கிலும் காணலாம். அதன் முட்கள் உள்ளே குழலாக இருக்கும். தொட்ட நொடியில் நஞ்சு தோலுக்குள் இறங்கிவிடும். அதனால்தான் அரிப்புக்கு முன் சுரீரென்ற வலி. பெரும்பாலும் சில மணி நேரத்தில் வலி தணியும். தடிப்பு மறைய ஓரிரு நாள் ஆகலாம். டேப், சோப்பு, ஐஸ், தேவையானால் பாராசிட்டமால் போதும். மரத்தில் ஒட்டியிருக்கும் அதன் கூட்டையும் வெறும் கையால் பிய்க்காதீர்கள்.

என் மகன் மாலையில் சைக்கிளில் வரும்போது கண்ணில் ஏதோ விழுந்தது. தண்ணீர் விட்டுக் கழுவினோம். ஐந்து நாளாகியும் சிவப்பு போகவில்லை. தாய்ப்பால் விடலாம் என்கிறார் மாமியார். (வாசகி, தேனி)

வேண்டாம் அம்மா. இதைப் படித்த அன்றே கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வந்த கடிதங்களில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது உங்களுடையதுதான்.

கம்பளிப்பூச்சி ரோமத்தின் பக்கவாட்டில் நுண்ணிய முட்கள் உண்டு. நெற்கதிரின் கூர் சட்டைக்குள் போனால் முன்னோக்கி ஏறுமே தவிரத் திரும்பி வராது அல்லவா? கண்ணிலும் அதேதான். இமை அசையும்போதும் கண்ணைக் கசக்கும்போதும் ரோமம் உள்நோக்கி நகரும். மேல் இமையின் உட்புறம் ஒளிந்துகொண்டு, இமைக்கும்போதெல்லாம் கருவிழியைக் கீறும். சில ரோமங்கள் கருவிழியைத் துளைத்து உள்ளே போய், நாட்கள் கழித்து, சில சமயம் வாரங்கள் கழித்து அழற்சியை உண்டாக்கும். மிக அரிதாக விழித்திரை வரை எட்டிவிடும். அப்போது பார்வையே ஆபத்துக்குள்ளாகும்.

வெறும் கண்ணுக்கு இந்த ரோமம் தெரியாது. ஸ்லிட் லாம்ப் என்ற கருவியில், இமையைப் புரட்டிப் பார்த்துத்தான் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஒரே தடவையில் எல்லாம் கிடைக்காமல் போகலாம். மறுபடி வரச் சொன்னால் கண்டிப்பாகப் போங்கள். "கண்ணில் பூச்சி விழுந்தது" என்று முதல் வாக்கியத்திலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாததால் சாதாரணக் கண்வலி என்று சொட்டு மருந்து போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தாய்ப்பால், விளக்கெண்ணெய், கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து எதுவும் வேண்டாம்.

புழு கடித்து ஐந்து நிமிடத்தில் சாவு என்று செல்பேசியில் படத்தோடு செய்தி வருகிறது. பருத்திக்காட்டுக்குக் களையெடுக்கப் போகவே பயமாக இருக்கிறது. (வாசகர், விருதுநகர்)

பயப்படாமல் போங்கள். 2022-இல் பரவிய அந்தச் செய்தியில் இருந்த உடல்கள், மகாராஷ்டிரத்தில் மின்னல் தாக்கி இறந்தவர்களுடையவை. அதோடு சேர்த்து அனுப்பப்பட்டது நத்தைப்புழுவின் படம். அது வலிக்கும்; ஐந்து நிமிடத்தில் ஆளைக் கொல்லாது.

உயிரைக் குடிக்கும் கம்பளிப்பூச்சி உலகத்தில் இல்லாமல் இல்லை. தென் அமெரிக்காவில் லோனோமியா என்ற இனம் உண்டு. தெற்கு பிரேசிலில், அடிமரத்தில் கூட்டமாக ஒட்டியிருக்கும் அவற்றின் மேல் தெரியாமல் கை வைப்பவர்களுக்கு முதலில் எரிச்சலும் தலைவலியும்தான் வரும். அதன் நஞ்சு ரத்தத்தின் உறைதல் காரணிகளைத் தூண்டிவிட்டுத் தீர்த்துவிடுவதால், பின்னர் ஈறில் ரத்தம் கசியும், சிறுநீர் சிவக்கும், உடம்பில் கன்றிப்போன திட்டுகள் தோன்றும். சிறுநீரகம் செயலிழந்தும் மூளையில் ரத்தம் கசிந்தும் இறந்தவர்கள் உண்டு. பிரேசிலின் சாவோ பாவுலோ நகரில் உள்ள புட்டான்டன் ஆய்வு நிறுவனம் 1990-களில் குதிரைகளைக் கொண்டு இதற்கு நச்சுமுறிவு மருந்து தயாரித்தது. அதன் பிறகு உயிர் பிழைப்பவர்கள் கூடினார்கள். அந்த இனம் நம் நாட்டில் இல்லை.

களையெடுக்க முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். மழை இடி என்றால் வெட்டவெளியில் நிற்காதீர்கள். அந்தப் படத்தில் இருந்தவர்களின் உயிரைப் பறித்தது மின்னல்தான்.

ஒன்றரை வயதுக் குழந்தை கம்பளிப்பூச்சியை வாயில் போட்டுவிட்டாள். துப்பிவிட்டாள், ஆனால் எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. (வாசகர், தஞ்சாவூர்)

எச்சில் ஒழுகுவது, விழுங்க முடியாமல் அழுவது எல்லாம் ரோமம் நாக்கிலும் தொண்டையிலும் குத்தியிருப்பதன் அடையாளம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; விரலை விட்டுத் துழாவாதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்கு உடனே போங்கள். அங்கே மயக்க மருந்து கொடுத்து ரோமங்களை எடுக்க வேண்டியும் வரலாம்.

முருங்கையில் இருக்கும் கூட்டத்தைத் தீப்பந்தம் வைத்துக் கொளுத்தலாமா, மரத்தையே வெட்டிவிடலாமா? (வாசகர், அரவக்குறிச்சி)

மரத்தை வெட்டாதீர்கள். பகலில் அடிமரத்தில் ஒன்றாக அடைந்திருக்கும்போது பந்தத்தால் பொசுக்குவது பழைய வழக்கம், பலனும் தரும். ஆனால் காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீச வேண்டும். எதிர்க்காற்றில் நின்றால் ரோமம் உங்கள் முகத்துக்கே வரும். கண்ணாடி, முகக்கவசம், முழுக்கைச் சட்டை வேண்டும். பெட்ரோல் கூடாது. குழந்தைகளை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள். கீழே விழுந்தவற்றைத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே பெருக்குங்கள். கூட்டுப்புழு பருவத்தை அவை மண்ணுக்குள் கழிப்பதால், மரத்தடி மண்ணைக் கொத்திவிட்டால் அடுத்த மழைக்குக் கிளம்பும் அந்துப்பூச்சிகள் குறையும்.