எதுவரைக்கும், கர்த்தாவே? – கேள்விகளும் பதில்களும்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கஷ்டகாலத்தில் தேவனை நம்புவது பற்றி மனதில் இருப்பதை ஒளிக்காமல் கேளுங்கள் என்றிருந்தேன். ஒளிக்காமல்தான் கேட்டிருக்கிறீர்கள். சிலவற்றைப் படித்துவிட்டு அன்றைக்குப் பதில் எழுதக் கை வரவில்லை. நான் நெடுங்காலமாய் வேதபாடம் எடுக்கிறவன், அவ்வளவுதான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, வேலை போய் ஒன்பது மாதம் ஆகிறது. எரேமியா 29:11-ஐ தினமும் அறிக்கையிட்டு ஜெபிக்கிறேன். “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை” கொடுப்பேன் என்றுதானே இருக்கிறது? என் விசுவாசம் போதவில்லையா?

தம்பி, கோளாறு உங்கள் விசுவாசத்தில் இல்லை, அந்த வசனம் நம் காதில் விழுகிற விதத்தில் இருக்கிறது. “எதிர்பார்த்திருக்கும் முடிவு” என்றதும் நான் கேட்ட வேலை, நான் குறித்த தேதி என்று மனம் போய்விடுகிறது. எபிரெயத்தில் அங்கே இருப்பவை இரண்டு சொற்கள்: வருங்காலம், நம்பிக்கை. உங்களுக்கு ஒரு வருங்காலம் உண்டு, நம்பியிருக்க இடம் உண்டு என்கிறார். நாம் போட்ட கணக்குக்குக் கையெழுத்திட்டுத் தரவில்லை.

அது யாருக்கு எழுதிய கடிதம் என்று பாருங்கள். கி.மு. 597-ல் யூதாவின் ராஜா எகொனியாவோடு பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் நின்று, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்கிறான். யாருடைய பிரசங்கத்துக்குக் கூட்டம் சேர்ந்திருக்கும் என்று சொல்ல வேண்டுமா? எரேமியாவோ எழுபது வருஷம் என்று எழுதுகிறார். அதைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்ப உயிரோடு இருந்திருக்கமாட்டார்கள். அவர்களிடம்தான், ஐந்தாம் வசனத்திலிருந்து, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், அந்த அந்நியப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறார்.

கைக்கு வருகிற சின்ன வேலையை எடுத்தால் அது அவிசுவாசம் என்று உங்களிடம் யாராவது சொன்னார்களா? சொல்லியிருந்தால் அவர் அனனியா கட்சி.

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. பெரிய வியாதி, பெயர் சொல்ல விரும்பவில்லை. வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒருவர், “பெற்றோரின் பாவம் ஏதோ தடையாக இருக்கிறது, ஆராய்ந்து பாருங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

சகோதரி, முதலில் அந்தச் சொல்லை உங்கள் வீட்டைவிட்டு வெளியே போடுங்கள். இதே கேள்வியைச் சீஷர்கள் ஆண்டவரிடமே கேட்டார்கள். பிறவிக்குருடனைக் காட்டி, இவன் பாவமா, இவனைப் பெற்றவர்கள் பாவமா என்றார்கள். இரண்டுமில்லை என்றார் (யோவான் 9). சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று அவரே கேட்டு, அல்ல என்று அவரே பதிலும் சொன்னார் (லூக்கா 13).

பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதரும் உங்கள் வீட்டுக்கு வந்தவரைப் போலத்தான். ஏழு நாள் இராப்பகல் வாய் திறக்காமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல சிநேகிதர்கள். பேச ஆரம்பித்தபோதுதான் கெட்டது. அவர்கள் பேசியதெல்லாம் தேவனுக்கு ஆதரவாக என்பதையும் கவனியுங்கள். ஆனாலும் கடைசி அதிகாரத்தில் தேவனுடைய கோபம் அவர்கள்மேல்தான் வருகிறது. முகத்துக்கு நேராக வழக்காடிய யோபுதான் நிதானமாய்ப் பேசினவன் என்று பெயர் வாங்குகிறான்.

உங்கள் மகள் ஏன் நோயுற்றாள் என்று எனக்குத் தெரியாது. யோபுவுக்கும் கடைசிவரை காரணம் சொல்லப்படவில்லை. அவனைச் சோதிக்கச் சாத்தான் கேட்டது முதல் அதிகாரத்தைப் படித்த நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

கேள்வி: முழுமையாகத் தேவனை நம்பினால் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும் என்கிறார்களே?

நிறுத்தாதீர்கள். எசேக்கியா ராஜாவுக்கு இன்னும் 15 வருஷம் ஆயுசு என்று தேவனே வாக்குக் கொடுத்த பிறகும், ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் போடச் சொன்னார். பவுலோடு கூடவே இருந்த லூக்கா ஒரு வைத்தியன். மருந்தில் எந்த மாற்றமானாலும் உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான்.

கேள்வி: எனக்குத் தேவன்மேல் கோபம். சொல்லவே பயமாக இருக்கிறது. ஆலயத்தில் எல்லோரும் பாடும்போது என் வாய் மூடியே இருக்கிறது.

சொல்லிவிட்டீர்களே, நல்லது. அவரிடமும் சொல்லுங்கள். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 13-ம் சங்கீதம் தொடங்கின கையோடு “எதுவரைக்கும்” என்று நான்கு தரம் கேட்கிறது. புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். 88-ம் சங்கீதம் அப்படித் திரும்புவதில்லை. ஏமான் என்ற பாடகன் பாடியது. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல்லே இருள்தான். அதை வெட்டாமல், கடைசியில் ஓர் அல்லேலூயாவை ஒட்டவைக்காமல், ஆராதனைப் பாட்டாகவே வைத்திருந்தார்களே, அந்த ஜனங்களை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது. நம் பாட்டு வேளைகளில் அதற்கு இடமே இல்லை.

ஆனால் அந்தப் பாட்டின் முதல் வார்த்தை “என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே” என்பது. கத்துகிறான், ஆனால் அவரிடமே கத்துகிறான். நம்பிக்கை என்று நான் சொல்வது இதைத்தான். என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பதை அல்ல, ஒன்றும் தெரியாத நேரத்திலும் அவரோடு பேச்சை முறிக்காமல் இருப்பதை.

கேள்வி: எங்கள் சபையில் இரண்டு பேருக்காக ஒரே நாளில் உபவாசித்து ஜெபித்தோம். ஒருவர் பிழைத்தார். என் கணவர் பிழைக்கவில்லை. பிழைத்தவர் சாட்சி சொல்லும் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு எழுந்து போய்விடத் தோன்றுகிறது.

அம்மா, எழுந்து போங்கள். தப்பில்லை.

அப்போஸ்தலர் 12-ஐ எடுத்துப் பாருங்கள். ஏரோது ராஜா, இயேசுவின் சீஷனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் கொல்லுகிறான். பேதுருவைச் சிறையில் வைக்கிறான், தூதன் வந்து சங்கிலியைக் கழற்றி வெளியே கொண்டுவருகிறான். ஒரே சபை, ஒரே ராஜா, ஒரே அதிகாரம். பேதுருவின் விடுதலைக்குப் பத்துப் பன்னிரண்டு வசனம், யாக்கோபின் சாவுக்கு ஒரே வசனம். ஏன் இவன், ஏன் அவனில்லை என்று அந்தப் புத்தகத்தை எழுதின லூக்கா ஒரு வார்த்தை எழுதவில்லை. பேதுருவுக்காக ஊக்கமாய் ஜெபித்தார்கள் என்று இருக்கிறது. யாக்கோபுக்காக ஜெபிக்காமலா விட்டிருப்பார்கள்? அந்த அதிகாரத்தைப் படிக்கும்போதெல்லாம் யாக்கோபின் தாய் அன்று எங்கே இருந்தாள் என்று யோசிப்பேன். என் இரண்டு மகன்களில் ஒருவன் உமது வலதுபாரிசத்திலும் ஒருவன் இடதுபாரிசத்திலும் உட்காரட்டும் என்று இயேசுவிடம் கேட்டவள் அவள்.

என் மனைவியை அடக்கம் பண்ணின அன்று ஒருவர் என் தோளைத் தட்டி, “ஆண்டவருக்கு அங்கே ஒரு பூ தேவைப்பட்டது” என்றார். நல்ல மனுஷன், அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அவரை மன்னிக்க இரண்டு வருஷம் பிடித்தது. ஆகவே உங்களுக்குக் காரணம் எதுவும் சொல்லப்போவதில்லை. இயேசு லாசருவின் கல்லறையில் என்ன செய்யப்போகிறார் என்று அவருக்கே தெரியும். தெரிந்தும் அழுதார்.

கேள்வி: கடன் நெரிக்கிறது. கடன் வாங்கியாவது விதைக் காணிக்கை போட்டால் நூறத்தனையாய்த் திரும்பும் என்கிறார் ஓர் ஊழியர்.

போடாதீர்கள். “அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே” என்பது பவுல் காணிக்கைக்கு வைத்த அளவு (2 கொரிந்தியர் 8:12). கடன்பட்ட விதவையிடம் எலிசா தீர்க்கதரிசி ஒன்றும் வாங்கவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்டார், எண்ணெயை விற்றுக் கடனை அடை என்றார்.

கேள்வி: செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது. இது பாவமா?

எலியா தீர்க்கதரிசியும் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றான். தேவன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார், தூதனை அனுப்பி எழுப்பிச் சாப்பாடு கொடுத்தார், மறுபடி தூங்கவிட்டார், மறுபடி சாப்பாடு. பேச்சு பிறகுதான். நீங்கள் இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள். ஜெபம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை உங்களுக்காக நாங்கள் செய்கிறோம்.

கேள்வி: திட்டம் போடுவது, சேமிப்பது, மாற்று ஏற்பாடு வைத்திருப்பது எல்லாம் அவிசுவாசமா?

எனக்குப் பிடித்த கேள்வி, ஏனென்றால் எனக்குப் பிடித்த அதிகாரம் அப்போஸ்தலர் 27. கப்பலில் 276 பேர். பல நாள் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. பவுலுக்குத் தூதன் சொல்லிவிட்டான், ஒரு உயிரும் போகாது என்று. கையில் இவ்வளவு திட்டமான வாக்குத்தத்தம் இருந்தால் நாம் என்ன செய்திருப்போம்? போய்ப் படுத்திருப்போம்.

பவுல் படுக்கவில்லை. பதினாலாம் இரவில் ஆழம் பார்க்கிறார்கள்: இருபது பாகம் (இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம்), பிறகு பதினைந்து. பின்புறமாய் நாலு நங்கூரம் போட்டுவிட்டுப் பொழுது விடியக் காத்திருக்கிறார்கள். கப்பலாட்கள் படகில் நழுவப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பமாட்டீர்கள் என்று நூற்றுக்கு அதிபதியிடம் சொன்னவர் பவுல். எல்லோரையும் சாப்பிடச் சொல்லி, அவர்கள் முன்பாக அப்பத்தை எடுத்துத் தேவனுக்கு நன்றி சொல்லித் தானும் சாப்பிட்டார். தூதனின் வார்த்தையும் உண்மை, ஆழம் பார்க்கிற கயிறும் வேண்டும். இரண்டும் ஒரே அதிகாரத்தில் சண்டையில்லாமல் இருக்கின்றன.

முடிவில் கப்பல் உடைந்தது. சிலர் நீந்தினார்கள், மற்றவர்கள் பலகைகளைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார்கள். காப்பாற்றுவேன் என்று சொல்லப்பட்டது உயிர்களை. கப்பலுக்குச் சேதம் வரும் என்பது முன்னமே சொல்லியாயிற்று. நம் ஜெபங்களில் பாதி கப்பலுக்காக.

கேள்வி: ஜெபிக்க வார்த்தை வரவில்லை.

பெருமூச்சு வருகிறதா? ரோமர் 8:26-படி அது போதும். ஒரு வாக்கியமாவது வேண்டுமென்றால், பிள்ளை வியாதிப்பட்ட ஒரு தகப்பன் சொன்னது இருக்கிறது: “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்.” அவ்வளவு அரைகுறையான ஜெபத்துக்கே அவன் பிள்ளை எழுந்தான்.

முதலில் கேட்ட தம்பி மறுபடி: அப்படியானால் எரேமியா 29:11-ஐ இனிச் சொல்லக் கூடாதா ஐயா?

சொல்லுங்கள் தம்பி. ஐந்தாம் வசனத்திலிருந்து சொல்லுங்கள்.