வேலூர்க் கோட்டையை வைத்து இருண்ட மாற்று வரலாற்று அனிமேஷன் த்ரில்லர் எடுக்க முடியுமா?

தாராளமாக எடுக்கலாம். 1806 ஜூலை 10 அன்று நடந்த சிப்பாய்க் கலகத்தில் ஒரு முடிச்சை மாற்றினால் போதும். விடியுமுன் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் கோட்டையைப் பிடித்தார்கள், திப்புவின் புலிக்கொடி ஏறியது. ஆற்காட்டுக்குச் செய்தி போனதும் ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பியின் குதிரைப்படை சுமார் 25 கி.மீ. பாய்ந்து வந்து காலையிலேயே கோட்டையை மீட்டது. அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை வெறும் வெற்றிக் கதையாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. கதையின் உயிர் முஸ்தபா பெக். ஜூன் மாதமே சதியைத் தன் கர்னலிடம் சொன்ன சிப்பாய் அவர். விசாரித்த இந்திய அதிகாரிகள் குழு அவரைப் பைத்தியம் என்று முத்திரை குத்தி அடைத்தது. கொடி இறங்காத வேலூரில் அதே குழு ஆட்சிக்கு வந்தால்? திப்புவின் மகன் பதே ஹைதர் பெயருக்கு மன்னர். கம்பெனி திணித்த எந்தத் தோல் குஞ்சம் வைத்த தலைப்பாகையை எதிர்த்துச் சிப்பாய்கள் கொதித்தார்களோ, அதை ஒருமுறையாவது அணிந்தவர்களின் பட்டியல் தயாராகிறது. பெக்கின் பெயர்தான் முதலில்.

அனிமேஷன்தான் இதற்குச் சரி. அன்று கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் மூலவர் இல்லை, 1981-ல்தான் மீண்டும் பிரதிஷ்டை நடந்தது. கல்யாண மண்டபத்து யாளிகள் தீவட்டி வெளிச்சத்தில் அசைவதுபோல் தெரிய, நடுவே ரகசியக் கூட்டம். வழிபாடு நடக்கும் கோயிலில் கேமரா வைத்து இதை எடுக்க முடியாது, வரையலாம்.

வசனம் மட்டும் செந்தமிழ் வேண்டாம். தக்கினி (தென்னிந்திய உருது), தமிழ், தெலுங்கு மூன்றும் கலந்து வரட்டும்.