நாலு ரயர் வாங்குவதற்கு முன்

தம்பி, உங்கள் கேள்வியை நேற்று இரவு உப்புவெளியில், அம்மா வீட்டு விறாந்தையில் இருந்து வாசித்தேன். விடுமுறைக்குத் திருகோணமலை வந்து இரண்டு கிழமையாகிறது. நீங்கள் ஸ்காபரோவுக்குப் போய் ஐந்து மாதம், 2010 கொரோலா கார் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். ஹைவேயில் மணிக்கு 80 கிலோமீற்றரைத் தாண்டினால் ஒரு உறுமல், வேகம் கூடக் கூட அதுவும் கூடுகிறது. கராஜில் நாலு ரயரும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றுவதா, இல்லை ஊரில் செய்வதுபோல நாமே கழற்றிப் பார்ப்பதா என்று கேட்டிருந்தீர்கள்.

இப்போதைக்கு ரயருக்குக் காசு கொடுக்காதீர்கள். எனக்கும் இதேதான் நடந்தது. கனடாவுக்குப் போன இரண்டாவது வருடம், இரவு வேலை செய்து ஊருக்கு அனுப்பச் சேர்த்து வைத்த காசில் நாலு புது ரயர் போட்டேன். கராஜில் இருந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே அதே உறுமல். பழுதாகியிருந்தது முன் வலப்பக்கச் சில்லின் பெயாரிங், அதாவது சில்லு இலகுவாகச் சுழல உள்ளே இருக்கும் உருளை வளையம். இன்னொருவர் அப்படி ஏமாறக்கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் வண்டியை நிறுத்தி வைத்து அக்சிலேட்டரை மிதியுங்கள். இரைச்சல் வராவிட்டால் அது எஞ்சின் இல்லை. அடுத்து, ஓடும்போது தார் வீதியில் ஒரு மாதிரியும் கொங்கிறீட்டில் வேறு மாதிரியும் சத்தம் கேட்டால் ரயரைச் சந்தேகிக்கலாம். ரயரின் மேல் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள், வாள் பல்லுப்போல ஏறி இறங்கித் தேய்ந்திருந்தால் அதுவும் உறுமும். முன் ரயரைப் பின்னுக்கும் பின் ரயரை முன்னுக்கும் மாற்றிப் போட்டதும் சத்தம் இடம் மாறினால் ரயர்தான். மாறாமல் அதே இடத்தில் இருந்தால் பெயாரிங்.

எந்தப் பக்கம் என்பதற்கு ஒரு வழி இருக்கிறது. ஆளில்லாத வீதியில், 60 அளவில் போகும்போது, ஸ்டியரிங்கை மெல்ல இடப்பக்கம் வளையுங்கள். வண்டியின் பாரம் வலப்பக்கச் சில்லில் ஏறும். அப்போது உறுமல் கூடி, வலப்பக்கம் வளைக்கையில் குறைந்தால், பெரும்பாலும் வலப்பக்கப் பெயாரிங் போயிருக்கும். இங்கே வீதியின் இடப்பக்கத்தில் ஓடுகிறோம், அங்கே வலப்பக்கத்தில் ஓடுகிறோம், ஆனால் இந்தக் கணக்கு மாறாது. முழுதாக ஒடித்துத் திருப்பும்போது டக் டக் என்று கேட்டால் அது அக்சில் மூட்டு, வேறு கதை.

போன சனிக்கிழமை மச்சானின் பழைய டொல்பின் வானில் நிலாவெளிக்குப் போனோம். சாம்பல்தீவு தாண்டியதும் எனக்கு அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. திரும்பி வந்து ஜக்கில் தூக்கி, சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினோம், நன்றாகவே ஆடியது. அடுத்த நாள் வேப்பமரத்துக்குக் கீழே கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தால் உருளைகள் பொளிந்திருந்தன. உள்ளுக்கு ஒன்று, வெளியே ஒன்று, இரண்டும் புதிது வாங்கி, கிறீஸ் அடைத்து, சில்லைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்தி, நட்டு கழராமல் பூட்டு ஊசி போட்டோம். ஒரு காலைப்பொழுது வேலை.

உங்கள் கொரோலா அப்படி இல்லை. அதன் பெயாரிங் மூடி அடைத்தது, கிறீஸ் போடவும் வழியில்லை, இறுக்கிச் சரிசெய்யவும் வழியில்லை. பின்சில்லில் பெயாரிங்கும், சில்லைப் பூட்டுகிற நடுப்பகுதியான ஹப்பும் ஒரே பாகமாக நாலு போல்டில் நிற்கும். முன்சில்லில் அழுத்தியந்திரத்தால் செருகியிருப்பார்கள். அதோடு குளிர்காலத்தில் வீதிக்குக் கொட்டுகிற உப்பு. கடல் காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், ஆனால் அங்கே உப்புத் தண்ணீர் நேரே வண்டிக்கு அடியில் தெறிக்கிறது. ஹப் துருவில் ஒட்டி, அடித்தாலும் அசையாமல் இருக்கும்.

ஆகவே பின்சில்லு என்றால், தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் நல்ல ஸ்டாண்டும் கருவியும் இருந்தால், பழகிய ஒருவரோடு சேர்ந்து செய்யலாம். ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகவே கூடாது. முன்சில்லைக் கராஜிடம் விடுங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றிய பெயாரிங் நெடுநாள் நிற்காது. பல வண்டிகளில் பெயாரிங்கின் ஒரு பக்கத்தில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சில்லு பூட்டிக்கொள்ளாமல் காப்பது) சென்சருக்கான காந்த வளையம் இருக்கும், அதைப் பக்கம் மாற்றிப் போட்டால் ஏபிஎஸ் விளக்கு எரியும். அக்சில் நட்டும் புதிதாகவே போட வேண்டும்.

கராஜுக்குப் போகுமுன் நீங்களே ஒன்று பார்க்கலாம். தட்டையான இடத்தில் வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை நிறுத்திவிட்டு, நியூட்ரலில் போட்டு, ஒரு கையால் சுருள் ஸ்பிரிங்கைத் தொட்டபடி மறுகையால் சில்லைச் சுற்றுங்கள். நல்ல பெயாரிங் என்றால் கைக்கு ஒன்றும் தெரியாது. போனது என்றால் ஸ்பிரிங்கில் கரகரப்புத் தெரியும், மணல் அரைபடுவதுபோல. மற்றப் பக்கத்தையும் சுற்றிப் பார்த்தால் வித்தியாசம் புரியும். சில்லு ஆடாவிட்டாலும் பெயாரிங் பழுதாகியிருக்கலாம், அதனால் ஆட்டிப் பார்த்ததோடு விட்டுவிடாதீர்கள்.

உங்களுக்கு அங்கே ஒரு பாதுகாப்பு இருக்கிறது. உங்கள் ஒன்ராறியோ மாகாணத்தின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கராஜ் எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும், கடைசிக் கணக்கு அதைவிட 10 வீதத்துக்கு மேல் போகக்கூடாது. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கலாம். வேலைக்கும் புதுப் பாகத்துக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. வந்த புதிதில் இதைக் கேட்க நமக்குக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள்.

அதுவரை நீண்ட தூரம் ஓடாதீர்கள், 401 ஹைவேயைத் தவிருங்கள். முற்றிய பெயாரிங் சூடாகிச் சில்லையே ஆட வைத்துவிடும். வேலை முடிந்து 100 கிலோமீற்றர் அளவில் ஓடியதும் சில்லு நட்டுகளை ரோர்க் ரென்ச்சால் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் சாவி) மறுபடி பாருங்கள், கொரோலாவுக்கு இறுக்கம் 103 நியூட்டன் மீற்றர்.

எந்தப் பக்கம் வளைக்கும்போது உறுமல் கூடுகிறது என்று பார்த்து எழுதுங்கள். அடுத்த கிழமை நான் ரொறன்ரோவுக்குத் திரும்பிவிடுவேன், ரென்ச் என்னிடம் இருக்கிறது.